கிளாஸில் தெரியும் தண்ணீர்

கோவில்பட்டி,
2.3.2025

அன்பு மகள் தேன்மொழிக்கு,

அப்பா எழுதுவது. இங்கு எல்லோரும் நலம். லோனாவ்லாவில் கடற்படைப் பயிற்சியை முடித்து, புதிய ஃபிரிகேட் போர்க்கப்பல் ஒன்றின் இன்ஜின் பிரிவுக்குப் போகும் உத்தரவு உனக்கு வந்துவிட்டது என்று அம்மா சொன்னபோது நான் பருத்திக் காட்டிலிருந்து அப்போதுதான் திரும்பியிருந்தேன். கைகால் கழுவாமல் திண்ணையில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். கப்பலுக்குப் பெண்கள் பணிக்கு வருவார்கள் என்று எங்கள் காலத்தில் யாரும் நினைத்ததுகூட இல்லை. அன்றிரவு நீ தொலைபேசியில், "நாலு வருஷம் கோதாவரி கப்பல்ல இருந்தீங்களே, அதைப் பத்தி ஒரு நாள்கூட உட்கார்ந்து சொன்னதில்லையே அப்பா" என்று கேட்டாய். நான் பேச்சை மாற்றிவிட்டேன். அது எனக்கே பொறுக்கவில்லை. பேச வராததை எழுதிவிடலாம் என்றுதான் இந்தக் கடிதம்.

கோதாவரி 1980 மே 15 அன்று மும்பை மசகான் கப்பல் கட்டும் தளத்தில் நீரில் இறக்கப்பட்டு, 1983 டிசம்பர் 10 அன்று கடற்படையில் சேர்ந்தது. அதற்கு முன் அங்கே கட்டிய நீலகிரி வகைக் கப்பல்கள் ஆறும் பிரிட்டனின் லியாண்டர் வகை வரைபடத்தை ஒட்டியவை. நம் கடற்படைப் பொறியாளர்களே வடிவமைத்துக் கட்டிய முதல் ஃபிரிகேட் கோதாவரிதான். அதை வடிவமைத்ததில் முதன்மையான பங்கு கேப்டன் மோகன்ராமுடையது, பின்னாளில் டி.வி.எஸ். நிறுவனத்தில் பெரிய பொறுப்பில் இருந்தவர் அவர். நீ இன்ஜின் படித்தவள் என்பதால், அந்த வடிவமைப்பில் எனக்கு மிகவும் பிடித்ததை உனக்குச் சொல்லியே ஆக வேண்டும். நீலகிரிக்குக் கொடுத்த அதே 30,000 குதிரைத்திறன் நீராவி டர்பைன்களைத்தான் இதற்கும் கொடுத்தார்கள். ஆனால் கப்பலின் நீளம் 113 மீட்டரிலிருந்து 126 மீட்டரைத் தாண்டிவிட்டது, எடையும் ஏறத்தாழ 1,000 டன் கூடிவிட்டது. இவ்வளவு பெரிய உடம்பை அதே இன்ஜின் தள்ளினால் வேகம் விழுந்துவிடும் என்றுதான் யாருக்கும் தோன்றும். கணக்குப் போட்டுப் பார்த்தவர்களுக்கு வேறு விடை கிடைத்தது. அதிவேகத்தில் கப்பலின் சக்தியைத் தின்பது அது தானே எழுப்பும் அலை. உடல் நீண்டால் அந்த அலையின் தடை குறையும். கோதாவரி 27 நாட், அதாவது மணிக்கு ஏறத்தாழ 50 கிலோமீட்டர், வேகத்தில் ஓடியது. அந்த நாலு வருடமும் அந்த வேகத்துக்கு எண்ணெய் எரித்துக் கொடுத்தவர்களில் நானும் ஒருவன் என்பதில் எனக்கு இன்றைக்கும் பெருமை உண்டு.

கிடைத்த இடம் வீணாகவில்லை. இரண்டு சீகிங் ஹெலிகாப்டர்களை நிறுத்தக்கூடிய ஹாங்கர் பின்தளத்தில் இருந்தது. அந்த அளவுக் கப்பலில் அது அன்றைக்கு அபூர்வம். ஏவுகணைகளும் பீரங்கியும் சோவியத் நாட்டுடையவை, ரேடார்களில் சில ஐரோப்பாவிலிருந்து வந்தவை, இன்ஜின் பிரிட்டிஷ் வழியில் இந்தியாவில் செய்தது. ஒரு நாட்டுக் கருவிக்கு 60 ஹெர்ட்ஸ் மின்சாரம் வேண்டும், இன்னொரு நாட்டுக் கருவிக்கு 50 ஹெர்ட்ஸ் வேண்டும். ஒன்றோடொன்று பேசத் தெரியாத இத்தனை கருவிகளை ஒரே உடம்பில் உயிரோடு வைத்திருந்தது யார் என்று கேட்டால், நாங்கள் உண்டு உறங்கிய மெஸ் டெக்கில் இரவு பகலாகத் தூக்கம் கெட்டுக் கிடந்த எலெக்ட்ரிக்கல் பையன்களைத்தான் நான் சொல்வேன்.

இப்போது என் இடத்துக்கு வருகிறேன். நீ போகும் கப்பலில் டீசலும் கேஸ் டர்பைனும் இருக்கும். குளிரூட்டிய அறையில் திரையைப் பார்த்து வேலை செய்வாய். எங்களுடையது எண்ணெய் எரித்து நீராவி எடுக்கும் பாய்லர் ரூம். 1985இல் நான் முதன்முதலாகக் கோதாவரியின் ஏணியில் கீழே இறங்கியபோது, காது அடைத்து, மூச்சுக்குள் சூடு புகுந்து, எண்ணெய் வாடை தொண்டையில் ஒட்டிக்கொண்டது. வெயில் காலத்தில் அங்கே 50 டிகிரி தொடும். வாட்ச் என்ற நான்கு மணி நேரப் பணி முடிந்து மேலே வந்தால், மே மாதத்து மும்பைக் காற்றே குற்றாலச் சாரல் போல இருக்கும். நல்ல தண்ணீர் கப்பலிலேயே கடல்நீரைக் காய்ச்சி எடுப்பது. அதில் முதல் பங்கு பாய்லருக்கு, மிச்சம்தான் மனிதர்களுக்கு. குளிக்கத் தண்ணீர் அளவாகத்தான் கிடைக்கும். பாய்லர் குடித்தது போக மிஞ்சியதில் நாங்கள் குளித்தோம் என்பது சரியான கணக்கு.

பாய்லரின் நெற்றியில் ஒரு கேஜ் கிளாஸ் இருக்கும். உள்ளே இருக்கும் தண்ணீரின் மட்டம் அதில் தெரியும். ஒரு முழ உயரம்கூட இராது. பின்னால் ஒரு விளக்கு எரியும். மட்டம் ஏறினால் தண்ணீர் நீராவியோடு சேர்ந்து போய் டர்பைனின் இதழ்களை உடைத்துவிடும். இறங்கினால் குழாய்கள் வெறும் நெருப்பில் வெந்து வெடிக்கும். அந்த அறையில் இருப்பவர்கள் பிழைப்பது அரிது. அதனால் கிளாஸில் தண்ணீர் கண்ணுக்குத் தெரியவில்லை என்றால் யாரையும் கேட்காதே, காரணம் தேடாதே, எண்ணெய் வால்வை மூடு என்பதுதான் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த முதல் பாடம். கப்பல் அலையில் சாயும்போது அந்தத் தண்ணீரும் மேலும் கீழும் ஓடும். ஓடுகிற மட்டத்தில் உண்மையான மட்டத்தைக் கண்ணால் பிடிக்க வேண்டும். பிடிக்கப் பழக எனக்கு ஒரு வருடம் ஆயிற்று.

கோதாவரிக்கு வருவதற்கு முன் நான் இருந்த ஒரு பழைய கப்பலில், நடு இரவு வாட்சில், ஒரு முறை கண் அசந்துவிட்டேன். நின்றபடியே உறங்கியிருக்கிறேன். கொல்லத்துக்காரரான பெட்டி ஆபீஸர் என் தோளைத் தட்டவும் இல்லை, கத்தவும் இல்லை. என்னைத் தாண்டிக் கையை நீட்டி, பாய்லருக்குத் தண்ணீர் விடும் ஃபீட் வால்வைத் திருப்பினார். கிளாஸின் அடியில் இரண்டு விரற்கடைத் தண்ணீர் மட்டும் ஆடிக்கொண்டிருந்ததை அப்போதுதான் பார்த்தேன். வாட்ச் முடிந்ததும் என்னை அழைத்துக்கொண்டு மெஸ் டெக்குக்குப் போய், உறங்கிக்கொண்டிருந்தவர்களின் வரிசையைக் காட்டினார். ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவர் என் மேல் புகார் எழுதியிருந்தால் அந்தத் தண்டனையோடு நான் அதை மறந்திருப்பேன்.

1986 ஜூலையில் சுதந்திர தேவி சிலையின் நூற்றாண்டுக்காக நியூயார்க்கில் பல நாட்டுக் கப்பல்கள் அணிவகுத்தபோது, இந்தியாவின் சார்பில் கோதாவரி போயிற்று. ஊரில் எல்லோரும் அதைத்தான் கேட்பார்கள். சிலைக்கு எதிரே கப்பல் போன நேரம் நான் கீழே இருந்தேன். எண்ணெய் கூடி காற்றுக் குறைந்தால் புகைபோக்கியில் கரும்புகை வரும், காற்று கூடினால் வெண்புகை வரும். அன்றைக்கு உலகம் பார்க்க ஒரு துளிப் புகையும் வரக்கூடாது என்று மேலிருந்து உத்தரவு. வரவில்லை. நியூயார்க் அணிவகுப்பில் நான் பார்த்தது அவ்வளவுதான்.

நான் சொல்லாமல் வைத்திருந்தது இனி வருவது. 1988 நவம்பர் 3 அன்று விடியற்காலையில் மாலத்தீவின் தலைநகர் மாலேயில் ஆட்சியைக் கவிழ்க்க ஆயுதக் குழு ஒன்று இறங்கியது. திட்டம் தீட்டியவர் அப்துல்லா லுதூஃபி என்ற மாலத்தீவுக்காரர். சுட வந்தவர்கள் இலங்கையின் புளொட் என்ற ஆயுத இயக்கத்தைச் சேர்ந்த தமிழ்ப் பிள்ளைகள். அதிபர் கயூம் இந்தியாவின் உதவியைக் கேட்க, அன்றிரவே ஆக்ராவிலிருந்து பாராசூட் படையினர் விமானத்தில், விமான நிலையம் உள்ள ஹுல்ஹுலே தீவில் போய் இறங்கினார்கள். ஆயுதக் குழுவினரில் ஒரு பகுதியினர் ‘புரோகிரஸ் லைட்’ என்ற சரக்குக் கப்பலைக் கைப்பற்றி, பிணைக்கைதிகளோடு இலங்கையை நோக்கித் தப்பிவிட்டார்கள். நாங்கள் அப்போது ஆஸ்திரேலியாவுக்கு நல்லெண்ணப் பயணம் போய்த் திரும்பிக்கொண்டிருந்தோம். வீட்டுக்கு வாங்கிய கம்பளிகளும் பொம்மைகளும் எங்கள் லாக்கர்களில் இருந்தன. கோதாவரியையும் பேத்வா என்ற இன்னொரு போர்க்கப்பலையும் அந்தச் சரக்குக் கப்பலை மறிக்கச் சொல்லி உத்தரவு வந்தது.

துரத்தல் என்பது எங்களுக்கு எல்லா பர்னர்களும் எரிவது, காற்று விசிறிகளின் ஓலம், மாறி மாறி வரும் வேக உத்தரவு, அவ்வளவே. பேச்சுவார்த்தை நடக்கிறது என்றார்கள், பலிக்கவில்லை என்றார்கள். நவம்பர் 6 அன்று எச்சரிக்கைக்குச் சுட்டு, பிறகு கப்பலையே நோக்கிச் சுட்டபோது, அந்த அதிர்வு இரும்புத் தகட்டின் வழியாக எங்கள் பாதத்தில் ஏறியது. கிளாஸில் தண்ணீர் ஒரு முறை நடுங்கி நின்றது. அவர்கள் சரணடைந்தார்கள். பிணைக்கைதிகளில் பலரை மீட்டோம், சிலர் உயிரிழந்திருந்தார்கள். அந்தச் சரக்குக் கப்பல் பிறகு மூழ்கிப்போயிற்று.

வாட்ச் முடிந்து மேலே வந்தேன். பிடிபட்டவர்களைப் பின்தளத்தில் காவலோடு உட்கார வைத்திருந்தார்கள். அதில் ஒருவனுக்கு என் வயதுகூட இருக்காது. உதடு வெடித்து, சட்டையில் உப்புப் பூத்திருந்தது. காவலுக்கு நின்ற பஞ்சாபியிடம் சைகை செய்து அலுத்துப்போய், யாரையும் பார்க்காமல், "அண்ணே, கொஞ்சம் தண்ணி" என்றான். அந்தத் தளத்தில் அது புரிந்தவன் அந்த நேரத்தில் நான் ஒருவன்தான். காவலரிடம் இந்தியில் சொன்னேன், அவர் தலையசைத்தார், என் குவளையில் கொண்டுவந்து கொடுத்தேன். குடித்துவிட்டு, "நீங்க எந்த ஊர்?" என்று கேட்டான். நான் பதில் சொல்லவில்லை.

மகளே, அவர்கள் மாலேயில் செய்தது கொலை. அவர்களால் இறந்தவர்களும் யாரோ பெற்ற பிள்ளைகள். நாங்கள் அந்தக் கப்பலை மறித்தது சரி என்பதில் எனக்கு அன்றும் சந்தேகமில்லை, இன்றும் இல்லை. ஆனாலும், கோவில்பட்டி என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்று முப்பத்தாறு வருடமாக நினைக்கிறேன். யூனிஃபார்ம் போட்டவன் கைதியிடம் ஊர்ப் பேச்சுப் பேசக்கூடாது என்ற ஒழுங்கு ஒருபுறம், தாய்மொழியில் கேட்ட கேள்விக்கு வாயை மூடிக்கொண்ட வெட்கம் ஒருபுறம். கோதாவரியைப் பற்றி யாரிடம் பேசத் தொடங்கினாலும் அந்தப் பையனிடம் வந்துதான் நிற்கும். அதனால்தான் தொடங்கவே இல்லை. உன் வேலையிலும் இப்படி ஒரு நாள் வரக்கூடும் என்பதால் உனக்குச் சொல்கிறேன்.

1989இல் நான் வேறு கப்பலுக்கு மாறிவிட்டேன். 1994 டிசம்பரில் சோமாலியாவிலிருந்து நம் ராணுவத்தினரைத் திருப்பி அழைத்துவரும் பணிக்குக் கங்கா, சக்தி ஆகிய கப்பல்களோடு கோதாவரியும் போனது. பிற்காலத்தில் ஏடன் வளைகுடாவில் கடற்கொள்ளையரைத் தடுக்கும் ரோந்திலும் இருந்தது. அதெல்லாம் எனக்குப் பின்னால் வந்தவர்களின் கதை. அவர்கள்தான் சொல்ல வேண்டும்.

2015 டிசம்பர் 23 அன்று மும்பைக் கடற்படைத் தளத்தில் அதற்கு விடைகொடுத்தார்கள். நான் திருச்செந்தூர் போவதாக உன்னிடம் சொல்லிவிட்டு மும்பைக்குப் போனேன். நீ அப்போது பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தாய். பொய் சொன்னதற்கு மன்னித்துக்கொள். சூரியன் மறையும் நேரத்தில் கொடியைக் கடைசி முறையாக இறக்கினார்கள். நரைத்த தலைகள் நிறைய நின்றன. கொல்லத்துக்காரர் வந்திருக்கிறாரா என்று தேடினேன், இல்லை. இருட்டுவதற்குள் இளம் அதிகாரி ஒருவரிடம் அனுமதி கேட்டு, ஏணியைப் பிடித்துக் கீழே இறங்கினேன். முழங்கால் வலித்தது. கீழே ஒரு சத்தம் இல்லை. பாய்லரின் முகப்பில் கையை வைத்தேன். ஆற்று மணலைப் போலக் குளிர்ந்திருந்தது. டார்ச் வெளிச்சத்தில் கேஜ் கிளாஸைப் பார்த்தேன். அதில் தண்ணீர் இல்லை. யோசிப்பதற்கு முன்னால் என் வலது கை எண்ணெய் வால்வை மூடப் போய்விட்டது.

அம்மா எள்ளுருண்டையும் கருப்பட்டி மிட்டாயும் பார்சல் அனுப்புகிறாள். கப்பலில் சேர்ந்ததும் உன் வாட்ச் நேரம் எது என்று எழுது. அந்த நேரத்தில் நாங்கள் போன் செய்யாமல் இருப்போம்.

அன்புடன்,
அப்பா