ஏர்ல் வீவரும் இருபத்தேழு அவுட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்க பேஸ்பால் மேனேஜர்களை, அதாவது அணியைத் தேர்ந்தெடுத்து ஆட்டத்தை நடத்துகிறவர்களை, பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். பால்டிமோர் ஓரியோல்ஸ் அணியை நடத்திய ஏர்ல் வீவருக்கு அதில் ஒரே ஒரு பத்தி. அதுவும் அவர் அம்பயர்களோடு போட்ட சண்டையிலேயே முடிந்துவிட்டது. போதாததற்கு, கத்துகிற படம் வேறு.

சண்டை போட்டது உண்மைதான், மறுக்கவில்லை. தொண்ணூறு தடவைக்கு மேல் மைதானத்திலிருந்து வெளியேற்றப்பட்டவர். பருவத்தின் இறுதிப் போட்டியான உலகத் தொடரிலேயே, 1969இல், ஒரு ஆட்டத்தில் அம்பயர் அவரை வெளியே அனுப்பினார். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அம்பயரிடம் போகும்போது தொப்பியைப் பின்பக்கமாகத் திருப்பிக்கொள்வார். முன்விளிம்பு அம்பயர் மேல் பட்டுவிட்டால் அது தனி வம்பு. முகத்துக்கு முகம் நின்று கத்த வேண்டும், தொப்பியும் இடிக்கக்கூடாது! கோபத்தின் உச்சியிலும் கணக்குப் பார்த்த மனுஷன். அந்தக் கணக்கைத்தான் உங்கள் கட்டுரை விட்டுவிட்டது.

நான் உடற்கல்வி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். பேஸ்பால் விளையாடியது கிடையாது, படித்தும் பார்த்தும் தெரிந்துகொண்டதுதான். வீவர் மேல் எனக்கு ஈடுபாடு வரக் காரணம், பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் ஆட்டக்காரனை அவர் பார்த்த விதம்.

முதலில் ஆட்டத்தைப் பற்றி அவர் நினைத்ததைச் சொல்லிவிடுகிறேன். ஒன்பது இன்னிங்ஸ், இன்னிங்ஸுக்கு மூன்று அவுட். ஆக ஓர் அணியின் கையில் இருப்பது 27 அவுட். அதை வீணாக்கக்கூடாது என்பதில் வீவர் பிடிவாதம். ரன் எடுக்க வரிசையாகத் தொட்டு ஓட வேண்டிய இடங்கள்தான் பேஸ். முதல் பேஸில் ஓர் ஆள் நிற்கும்போது, அடுத்து வருபவர் பந்தை மெதுவாகத் தட்டிவிட்டுத் தான் அவுட்டாகி, முன்னால் நிற்பவரை இரண்டாம் பேஸுக்கு நகர்த்துவதைத் தியாக பன்ட் என்பார்கள். அன்றைய மேனேஜர்கள் பலருக்கு அது நல்ல பழக்கம். வீவருக்கோ கையில் இருந்த காசைத் தெருவில் போடுவது மாதிரி. ஒரு ரன்னுக்காக ஆடினால் ஒரு ரன்தான் கிடைக்கும் என்பது அவர் வாதம். நல்ல பந்துவீச்சு, தவறாத ஃபீல்டிங், அப்புறம் பேஸில் இரண்டு பேர் நிற்கும்போது ஒரு ஹோம் ரன், அதாவது பந்தை எல்லைக்கு வெளியே அடித்து எல்லோரும் ரன் எடுப்பது. இவைதான் அவர் கேட்டவை. அந்த இரண்டு பேர் பேஸுக்கு வந்து சேர வேண்டுமே! அதனால் கண்ட பந்துக்கெல்லாம் மட்டையை வீசாமல், பொறுத்திருந்து, சரியான இடத்தில் வராத நான்கு பந்துகளை விட்டுவிட்டு, அதற்காக முதல் பேஸுக்கு நடந்து போகிறவனையும் அவர் மதித்தார்.

சரி, பெஞ்சுக்கு வருகிறேன். எந்த அடிப்பவர் எந்தப் பந்துவீச்சாளருக்கு எதிராக எப்படி ஆடியிருக்கிறார் என்பதைச் சின்ன அட்டைகளில் வைத்திருந்தார் வீவர். கணினி பரவலாக இல்லாத காலம். அந்த அட்டையைப் பார்த்து, பெரிய நட்சத்திரத்தை உட்கார வைத்துவிட்டு யாரும் எதிர்பாராத ஒருவரை இறக்குவார். இடது ஃபீல்டில் ஜான் லோவன்ஸ்டீன், கேரி ரோனிக்கி என்று இரண்டு பேர். முன்னவர் இடக்கை ஆட்டக்காரர், பின்னவர் வலக்கை. எதிரே வலக்கைப் பந்துவீச்சாளர் வந்தால் பெரும்பாலும் லோவன்ஸ்டீன், இடக்கை என்றால் ரோனிக்கி. எதிர்க்கையிலிருந்து வரும் பந்தைப் பார்ப்பதும் அடிப்பதும் சுலபம் என்பதே காரணம். 1982இல் லோவன்ஸ்டீன் 24 ஹோம் ரன், ரோனிக்கி 21. எந்த வேலைக்கு எவன் ஆவான் என்று பார்த்து வைத்திருந்தால், முழு நேர இடம் கிடைக்காத இரண்டு பேரை வைத்து ஒரு நட்சத்திரத்தின் வேலையை வாங்கலாம். பள்ளி அணிக்குப் பையன்களைத் தேர்ந்தெடுத்த காலத்தில் இது எனக்குத் தெரியாமல் போயிற்றே என்று இப்போதும் நினைத்துக்கொள்வேன். இவனுக்கு இது வராது என்று ஒதுக்கிய பையன்கள் எத்தனையோ பேர்.

அதே 1982இல்தான் கால் ரிப்கனை மூன்றாம் பேஸிலிருந்து ஷார்ட்ஸ்டாப் இடத்துக்கு மாற்றினார். இரண்டாம், மூன்றாம் பேஸுக்கு நடுவே நின்று பந்தைத் தடுக்கும் இடம் அது. ஷார்ட்ஸ்டாப் என்றால் ஒல்லியாக, சுறுசுறுப்பாக இருக்க வேண்டும் என்பது அன்றைய எண்ணம். ரிப்கனின் உயரம் 6 அடி 4 அங்குலம். பலர் தலையை ஆட்டினார்கள். பின்னால் 2,632 ஆட்டங்கள் ஒன்றுகூட விடாமல் ஆடிச் சாதனை படைத்த அதே ரிப்கன்தான்.

அவரைக் குறையில்லாதவராகக் காட்டுவது என் நோக்கமல்ல. ஆட்டக்காரர்களோடு ஒட்டாமல்தான் இருந்தார். என்றைக்காவது ஒருநாள் இவனை அணியிலிருந்து அனுப்ப வேண்டி வருமே என்பது அவருடைய சமாதானம். எனக்கு அது ஒப்பவில்லை. ஜிம் பாமர் அவரிடம் எட்டுப் பருவங்களில், பருவத்துக்கு 20 வெற்றிக்குக் குறையாமல் எடுத்த பந்துவீச்சாளர். அவரோடேயே ஓயாத தகராறு. ஏர்லுக்குப் பந்துவீச்சைப் பற்றித் தெரிந்த ஒரே விஷயம் தன்னால் அதை அடிக்க முடியாது என்பதுதான் என்று அவருடைய பந்துவீச்சாளர்களே கேலி செய்தார்கள். கேலியில் உண்மை இல்லாமல் இல்லை. கீழ்நிலைப் போட்டிகளான மைனர் லீக்கிலேயே காலம் தள்ளியவர், உச்சநிலையான மேஜர் லீக்கில் ஓர் ஆட்டம்கூட ஆடியதில்லை. ஆனால் 1971இல் பாமர், மெக்நாலி, குவேயார், டாப்சன் என்று நான்கு பேர் அவர் அணியில் ஆளுக்கு இருபது வெற்றிக்குக் குறையாமல் எடுத்தார்கள்.

நான்கு முறை உலகத் தொடருக்குப் போய் 1970இல் மட்டும் வென்றார் என்று கட்டுரையாளர் சற்று இளப்பமாகவே எழுதியிருக்கிறார். 1,480 வெற்றி, 1,060 தோல்வி என்ற மொத்தக் கணக்கையும் பக்கத்தில் போட்டிருக்கலாம்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். 1982 பருவத்தோடு ஓய்வு பெறுவதாக அறிவித்திருந்தார். பட்டியலில் முதலிடத்தில் இருந்த மில்வாக்கி அணியை விட மூன்று ஆட்டம் பின்தங்கியிருந்த ஓரியோல்ஸ், அதே அணியுடன் சொந்த மண்ணில் நடந்த கடைசி நான்கில் முதல் மூன்றையும் வென்று சமநிலைக்கு வந்தது. கடைசி ஆட்டத்தில், அக்டோபர் 3 அன்று, 10-2 என்று தோற்று முதலிடத்தை இழந்தது. ஆட்டம் முடிந்தும் மெமோரியல் ஸ்டேடியத்தில் மக்கள் கலையாமல் நின்று, வீவரை வெளியே வரச் சொல்லிக் கைதட்டிக்கொண்டே இருந்தார்கள். மூன்று வருடத்தில் திரும்பி வந்து 1986இல் அடி வாங்கிக்கொண்டு போனார், அது வேறு கதை. அடுத்த முறை அவரைப் பற்றி எழுதினால், கத்துகிற படத்துக்குப் பதிலாக அந்த நாளின் படம் ஒன்றைப் போடுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் வாசகன்,
பாளையங்கோட்டை