மார்கழியில் பிறந்த மகளுக்கு

காவேரிப்பட்டணம்
12-10-2025

கண்ணு,

வியாழக்கிழமை ராத்திரி நீ போனில் சொன்ன ஒரு விஷயம் மூணு நாளாக என்னைத் தூங்கவிடவில்லை. நீங்கள் ஆஸ்திரேலியாவில் குடியேறப் போவது அல்ல. அதில் எனக்கும் அம்மாவுக்கும் சம்மதம் என்று அன்றைக்கே சொல்லிவிட்டோம். அந்த விசா ஏஜென்ட் சொன்னானாமே, "பிறப்புச் சான்றிதழே வாங்கலைன்னு ஒரு அபிடவிட் போட்டுக்கலாம் மேடம், எல்லாரும் அப்படித்தான் பண்றாங்க" என்று, அதுதான். அம்மா பக்கத்தில் இருந்ததால் "பார்க்கலாம்" என்று சொல்லி வைத்துவிட்டேன். எனக்குப் பேச்சில் கோர்வை வராது. முப்பத்திநாலு வருஷம் பத்திரம் எழுதின கை, எழுதினால்தான் வரும்.

சான்றிதழ் இருக்கிறது. நேற்று டிரங்குப் பெட்டியைத் திறந்து எடுத்தேன். மடிப்பில் கிழிந்து, பின்னால் நான் ஒட்டின ஒட்டுக் காகிதம் பழுப்பேறிப் போயிருக்கிறது. 9-1-1993, பெண், கிருஷ்ணகிரி, தர்மபுரி மாவட்டம். ஆமாம், அப்போது நாமெல்லாம் தர்மபுரி மாவட்டம்தான். கிருஷ்ணகிரி தனி மாவட்டமானது 2004 பிப்ரவரியில். உன் பாஸ்போர்ட்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் என்றிருந்தால் அதைக்கூட ஒருத்தன் கேட்பான், பதிலை இப்போதே எழுதி வைத்துக்கொள்.

ஆனால் பள்ளிக்கூடத்தில் 5-5-1992. அது நான் சொன்ன தேதி. வீட்டில் உன் பிறந்தநாளை மார்கழியில் கொண்டாடுவோம், சர்டிபிகேட்டில் மே மாசம் இருக்கும். சிரித்துக்கொண்டே இத்தனை வருஷம் ஓட்டிவிட்டோம். நடந்தது என்னவென்று உனக்கு முழுசாகச் சொன்னதில்லை.

1997 ஜூன். எதிர்வீட்டுப் பிள்ளை ஒன்றாம் வகுப்புக்குப் போகிறாள் என்று நீயும் மஞ்சள் பையை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றுவிட்டாய். உனக்கு நாலரை வயசுகூட ஆகவில்லை. கையைத் தலைக்கு மேலே வளைத்துக் காதைத் தொடச் சொன்னார்கள், நீ கழுத்தைச் சாய்த்து எப்படியோ தொட்டுவிட்டாய். "தேதி சொல்லுங்க" என்றார் தலைமையாசிரியர். அன்று காலையில் ஒரு கிரயப் பத்திரம் எழுதிக்கொண்டிருந்தேன், அதன் தாய்ப்பத்திரத்தில் மே 5 என்று ஒரு தேதி. அதுவே வாயில் வந்துவிட்டது. அடுத்தவன் பத்திரத்தில் ஒரு எழுத்து பிசகினால் பிழைதிருத்தல் பத்திரம் எழுதிப் பதிவு செய்ய வைக்கிறவன் நான். என் பிள்ளைக்கு அடுத்தவன் நிலத்துத் தேதியைக் கொடுத்துவிட்டு வந்தேன்.

ஒரு வருஷம் மிச்சம் என்றுதான் அப்போது நினைப்பு. இப்போது ஆஸ்திரேலியாக்காரர்கள், குடியேற வருகிறவர்களின் வயசுக்குப் புள்ளி போடுகிறார்கள். 25 வயசு தொடங்கி 33 நிறைகிறவரை 30 புள்ளி, 33 நிறைந்துவிட்டால் 40 வரை 25 புள்ளி. காகிதத்தின்படி உனக்குப் போன மே மாசமே 33 நிறைந்துவிட்டது. நிஜத்தில் வருகிற ஜனவரி 9 வரைக்கும் நிறையாது. 28 வருஷத்துக்கு முந்தி ஒரு நிமிஷத்தில் சொன்ன பொய், உன் கணக்கில் அஞ்சு புள்ளியைக் கழித்துக்கொண்டது. நீ போனில் இதைக் குறையாகச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால்கூட எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

சரி, அந்த ஏஜென்ட் யோசனைக்கு வருகிறேன். இருக்கிற சான்றிதழை இல்லை என்று சத்தியம் பண்ணி எழுதுவது சின்ன விஷயம் இல்லை, கண்ணு. அவர்கள் விசா விதிகளில் 4020 என்று ஒன்று இருக்கிறது, உன் தம்பியைவிட்டுப் படிக்கச் சொல்லிக் கேட்டேன். பொய்யான ஆவணமோ தகவலோ கொடுத்தது தெரிந்தால் விண்ணப்பம் போகும், அதற்குமேல் மூணு வருஷம் தடை. ஆள் அடையாளத்திலேயே சந்தேகம் என்று முடிவுகட்டினால் பத்து வருஷம். பிறப்புப் பதிவு அரசாங்கத்துப் புத்தகத்தில் இருக்கிறது. யாராவது ஒரு நாள் தேடினால் கிடைத்துவிடும். நீயும் மாப்பிள்ளையும் பேரனும் ஒரே விண்ணப்பம். ஒருத்தர் காகிதத்தில் விழுகிற ஓட்டை மூணு பேரையும் இழுத்துக்கொண்டு போகும்.

வக்கீலைப் போய்ப் பார்த்தேன். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் தேதியை மாற்ற முன்சீப் கோர்ட்டில் விளம்புகை வழக்கு, அதாவது சரியான தேதி இதுதான் என்று கோர்ட்டையே சொல்லச் சொல்லும் வழக்கு, போடவேண்டி வரும், எத்தனை மாசம் இழுக்கும் என்று சொல்ல முடியாது என்றார். அது முடிவதற்குள் ஜனவரியும் போய்விடும், அந்த அஞ்சு புள்ளிக்கு இனி ஆசைப்பட வேண்டாம். நான் சொல்வது இதுதான்: ரெண்டு தேதியையும் மறைக்காமல் வை. பாஸ்போர்ட்டில் எந்தத் தேதி நிற்கவேண்டும் என்பதை பாஸ்போர்ட் அலுவலகத்தில் நேரிலேயே கேட்டுவிடுவோம். பள்ளியில் தப்பான தேதி கொடுத்தது நான்தான் என்று அபிடவிட்டில் நானே கையெழுத்துப் போடுகிறேன். நீ எதற்கும் பொய்ச் சத்தியம் பண்ணவேண்டாம்.

அந்த ஆளிடம் பதிவு எண் கேட்டாயா? பத்திரம் எழுத எனக்கு லைசென்ஸ் இருந்தது, பலகையிலேயே எண் எழுதித் தொங்கவிட்டிருந்தேன். அங்கேயும் குடியேற்ற ஏஜென்டுகளுக்கு ஓமாரா என்ற அமைப்பில் பதிவு எண் உண்டு, யார் வேண்டுமானாலும் தேடிப் பார்க்கலாம். எண்ணைச் சொல்லாமல், "பி.ஆர். கேரண்டி", அதாவது நிரந்தரமாகத் தங்கும் உரிமை நிச்சயம் என்று மட்டும் சொல்கிறவனிடம் மூணு லட்சம் கொடுப்பதற்கு, நீயும் மாப்பிள்ளையும் ராத்திரி உட்கார்ந்து படித்துப் போட்டாலே போதும். விருப்பத்தைப் பதிவு செய்கிற அந்த முதல் படிக்குக் கட்டணமே கிடையாதாமே! விசாவுக்கு விண்ணப்பிக்கச் சொல்லி அழைப்பு வந்த பிறகுதான் பணம், அதற்கும் 60 நாள் கெடு.

என்ஜினியர்களின் தகுதியைப் பார்க்கிற என்ஜினியர்ஸ் ஆஸ்திரேலியா அமைப்புக்கு நீ எழுதவேண்டிய அந்த மூணு அனுபவக் கட்டுரைகளையும் அவனே "ரெடிமேடாக" தருகிறேன் என்றானாம். வேண்டவே வேண்டாம். பர்கூர் அரசுக் கல்லூரியில் நாலு வருஷம் எலக்ட்ரிகல் படித்துவிட்டு, ஒசூரில் இத்தனை வருஷம் பேனல் பக்கத்தில் நின்றவள் நீ. ஒரு கட்டுரைக்கு ஆயிரத்திலிருந்து இரண்டாயிரத்து ஐந்நூறு வார்த்தை, உனக்குச் சொல்ல விஷயமா இல்லை? போன வருஷம் நடுராத்திரியில் டிரான்ஸ்பார்மர் மாற்றின கதையை எனக்கே முக்கால் மணி நேரம் சொன்னாய். அதை எழுது. வேறு யாரோ எழுதினதின் நகல் என்று என்ஜினியர்ஸ் ஆஸ்திரேலியா கண்டுபிடித்தால் அங்கேயே கதை முடிந்தது.

புள்ளியை நானும் காகிதத்தில் போட்டுப் பார்த்தேன். வயசு 25, படிப்பு 15, எட்டு வருஷத்துக்கு மேலான வேலை 15, ஆங்கிலம் 10. ஆக 65. குறைந்தபட்சமே அதுதான், அந்த 65-க்கு அழைப்பு வரும் என்று உட்கார்ந்திருக்க முடியாது. ஐ.இ.எல்.டி.எஸ். என்கிற ஆங்கிலப் பரீட்சையில் உனக்கு எழுத்தில் மட்டும் 7, மற்ற மூன்றிலும் 8. இன்னொரு தடவை எழுதி நாலிலும் 8 வாங்கினால் ஆங்கிலத்துக்கு 20. நான் தொலைத்தது அஞ்சு, நீ பிடிப்பது பத்து. மாப்பிள்ளையும் ஐ.இ.எல்.டி.எஸ். எழுதட்டும். ஒவ்வொன்றிலும் 6 வந்தால் உன் கணக்கில் 5 கூடும். ஆங்கிலம் ஓரளவு தெரியும் என்பதற்கு ஆதாரமே காட்டாவிட்டால் அவருக்காக ஏறக்குறைய ஐயாயிரம் டாலர் தனியாகக் கட்டச் சொல்வார்களாம். மாப்பிள்ளை கூச்சப்படுகிறார் என்று தெரியும். நான் சொன்னதாகச் சொல்லாமல் சொல். அவருக்கு மாமனார் சொன்னால் ஆகாது, எனக்கும் அந்த வயசில் ஆகவில்லை.

பெரிய நகரங்களுக்கு வெளியே வாழப்போகிறவர்களுக்கான 491 விசாவை மாப்பிள்ளை "கிராமத்து விசா" என்று ஒதுக்குகிறாரே, எனக்கு அது பிடித்திருக்கிறது. 15 புள்ளி கூடுகிறது. சிட்னி, மெல்போர்ன், பிரிஸ்பேன் மூணும்தான் அதில் சேராது. அடிலெய்டும் பெர்த்தும்கூட அவர்கள் கணக்கில் ஊர்ப்பக்கம். அஞ்சு வருஷ விசா, மூணு வருஷம் அங்கே வாழ்ந்து வருமானக் கணக்குக் காட்டினால் நிரந்தரத்துக்கு விண்ணப்பிக்கலாம். தென்பெண்ணைக் கரையில் வளர்ந்தவளுக்கு அடிலெய்டு என்ன கிராமம்?

பேர் விஷயத்தில் ஒரு வேடிக்கை. உன் பாஸ்போர்ட்டில் சர்நேம் என்ற இடத்தில் என் பேர். மாப்பிள்ளைக்கு அவர் அப்பா பேர். பேரனுக்கு மாப்பிள்ளை பேர். ஒரே வீட்டில் மூணு பேருக்கு மூணு குடும்பப் பெயர்! அங்கே ஆபீசில் உன்னை என் பேரைச் சொல்லிக் கூப்பிடுவார்கள் என்று அம்மாவிடம் சொன்னேன், "அப்போ அங்கேயும் திட்டு உங்களுக்குத்தான்" என்கிறாள். சிரிப்பு ஒரு பக்கம் இருக்கட்டும், புருஷன் பெண்டாட்டி என்று காட்டக் கல்யாணப் பதிவுச் சான்றிதழ்தான் கைகொடுக்கும். பந்தி முடிவதற்குள் உங்கள் ரெண்டு பேரையும் சார்பதிவாளர் அலுவலகத்துக்கு இழுத்துக்கொண்டு போனேன் என்று உன் மாமியார் இன்னும் சொல்லிக்காட்டுகிறாரே, இப்போது சொல், அது தப்பா?

பணம். விசாக் கட்டணம் மட்டும் மூணு பேருக்கும் சேர்த்து ஏறக்குறைய ஐந்து லட்சம் வருகிறது, மறுத்தால் திரும்பாது. டிக்கெட், அங்கே ஆறு மாச வாடகை, சாப்பாடு தனி. நிரந்தர விசாவிலேயே போனாலும், வேலை இல்லாதவர்களுக்குத் தரும் உதவித்தொகைக்கு நாலு வருஷம் காத்திருக்க வேண்டும், ஆகவே கையில் காசில்லாமல் இறங்காதே. தோப்பை விற்கலாமா என்று உன் தம்பி கேட்டான். இந்த வருஷம் பெங்களூரா மாங்காயைக் கிலோ அஞ்சு ரூபாய்க்குக் கேட்டார்கள், பறிகூலிகூடத் தேறவில்லை, பாதியை மரத்திலேயே விட்டேன். இப்படிப்பட்ட வருஷத்தில் தோப்பைப் பேசினால் மண்ணுக்கும் மாங்காய் விலைதான் சொல்வான். விற்கவேண்டாம்.

அதைவிட முக்கியம், நீ கிளம்புவதற்கு முன்பே தோப்பில் உன் பாகத்தைச் செட்டில்மெண்ட் எழுதி உன் பேரில் பதிவு பண்ணிவிடுகிறேன். வெளிநாட்டில் குடியேறிவிட்டால் நீ இங்கே விவசாய நிலம் வாங்க முடியாது, நான் உயிரோடு இருக்கையில் தானமாகவும் கொடுக்க முடியாது. வாரிசாக வந்தால் பரவாயில்லை, முன்பே உன் பேரில் இருந்தாலும் வைத்துக்கொள்ளலாம். விவரம் தெரியாமல் பெங்களூரிலிருந்து போன எத்தனையோ பேர் பவர் எழுதத் தூதரகத்துக்கு அலைகிறார்கள். பட்டா மாறுதலையும் கையோடு முடித்துவிடுவோம்.

நாங்கள் வருவதைப் பற்றிக் கேட்டாய். பார்க்க வருவோம். தங்க வரமாட்டோம். பெற்றோருக்கான விசா ஒருத்தருக்கே நாற்பதாயிரம் டாலருக்கு மேல் என்கிறான் உன் தம்பி, காசு குறைவாகக் கட்டுகிற வழிக்கு முப்பது வருஷ வரிசையாம். எனக்கு 67. அம்மாவுக்கு அங்கே மார்கழியில் வெயில் அடிக்கும் என்று சொன்னேன், "மார்கழியில கோலம் போடறப்ப வெயில் அடிச்சா அது என்ன மார்கழி?" என்றாள். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. பேரனுக்குப் பள்ளிக்கூடம் அங்கே ஜனவரி கடைசியில் தொடங்கும் என்பதைக் கணக்கில் வைத்துக்கொண்டு கிளம்பு. வயசை மட்டும் சரியாகச் சொல்லிச் சேர்.

அபிடவிட்டை எழுதத் தொடங்கிவிட்டேன். எவ்வளவோ பேருக்கு எழுதியிருக்கிறேன், எனக்கென்று எழுதுவது இதுதான் முதல் தடவை. முன்பு இருபது ரூபாய்ப் பத்திரத்தில் முடிந்தது இப்போது இருநூறு. முதல் பாரா இவ்வளவுதான் வந்திருக்கிறது: "கிருஷ்ணகிரி மாவட்டம், காவேரிப்பட்டணத்தில் வசிக்கும் ஆவண எழுத்தரான நான் சத்தியமாக உறுதிகூறி எழுதிக்கொடுப்பதாவது: என் மகளைப் பள்ளியில் சேர்த்த நாளில் அவளுடைய பிறந்த தேதியை நான் தவறாகச் சொன்னேன். அவளுக்கு அதில் பங்கில்லை."

தீபாவளி திங்கட்கிழமை வருகிறது. நீங்கள் சனிக்கிழமை காலையிலேயே வந்துவிட்டால் கிருஷ்ணகிரியில் நோட்டரியைப் பார்த்துவிடலாம். பத்தாம் வகுப்புச் சான்றிதழின் அசலையும் பாஸ்போர்ட்டையும் மறக்காமல் எடுத்துவா. நிப்பட்டுக்குச் சொல்லி வைத்திருக்கிறேன், ரெண்டு கிலோ.

அப்பா