மதியத்துக்கு மேல நீங்க பேசுங்க டீச்சர்

அன்புள்ள மல்லி,

ஹெச்.எம். மேடம்னு ஆரம்பிக்கணுமோ? தேனிப் பக்கம் போய் நாற்காலி கிடைச்சதும் மதுரைக்காரிய மறந்துட்டன்னு நான் சொல்லலாம். தீபாவளிக்கு நீ அனுப்பின மெசேஜுக்கே நான் இன்னும் பதில் போடலன்னு நீ சொல்லுவ. ரெண்டையும் கழிச்சுக்குவோம். அம்மாவுக்கு முட்டி ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சுது, இப்ப வாக்கர் இல்லாமலே கொல்லை வரைக்கும் நடக்குறாங்க. பெரியவன் கோயம்புத்தூர்ல வேலைக்குச் சேர்ந்துட்டான். சின்னவ விஷயம் எழுத்துல வேண்டாம், நேர்ல பேசுவோம்.

எழுத உக்காந்த காரணம் வேற. மேலூர் பக்கம் எனக்கு இப்ப "ஏஐ டீச்சர்"னு பேரு. சிரிக்காத. நான் எந்த மெஷினையும் லேசுல நம்ப மாட்டேன்னு உனக்குத் தெரியும்.

எங்க ஒன்றியத்து ஆசிரியர்களுக்கு ஒரு நாள் பயிற்சி வச்சாங்க. செயற்கை நுண்ணறிவும் வகுப்பறையும்னு தலைப்பு. பயிற்சின்னா எப்படி இருக்கும்னு உனக்குத் தெரியாததா? கையெழுத்து, டீ, ரெண்டு பிஸ்கட், ப்ரொஜெக்டர் ஒயரைத் தேடுறதுலயே முதல் ஒரு மணி நேரம் போயிரும். வெளியூர்ல இருந்து ஒரு நிபுணர் வந்திருந்தார். காலை முழுக்க இங்கிலீஷ் ஸ்லைடு. இந்தச் செயலியில பாடக்குறிப்பு எழுதலாம், இதுல வினாத்தாள் எடுக்கலாம், இதுல படம் வரையலாம், இதுல பாட்டே போடலாம்னு பேரை அடுக்கிக்கிட்டே போனார். நம்ம ஆளுங்க தலையத் தூக்காம நோட்டுல அந்தப் பேரை எல்லாம் எழுதுறாங்க. அது எப்படி வேலை செய்யுதுன்னு அவரும் சொல்லல, இவங்களும் கேக்கல. கடைசி ஸ்லைடுல பெரிய எழுத்துல "நெறிமுறைகள்"னு போட்டு, "பொறுப்போட பயன்படுத்துங்க"ன்னு ஒரே வரியில முடிச்சுட்டு, சாப்பிட்டதும் ஃப்ளைட்டுன்னு கிளம்பிட்டார்.

மதியம் பயிற்சி கொடுக்க ஆள் இல்ல. ஒருங்கிணைப்பாளர் சுத்தி முத்திப் பார்த்துட்டு என்கிட்ட வந்து, "மதியத்துக்கு மேல நீங்க பேசுங்க டீச்சர், நீங்கதான் எப்பப் பார்த்தாலும் போன்ல ஏதாச்சும் பண்ணிக்கிட்டு இருப்பீங்களே"ன்னுட்டார். சாம்பார் சாதம் உள்ள போன கூட்டம், மேல ஃபேன் ஓடுது. என்ன பேசி எழுப்புறது?

"எல்லாரும் சேர்ந்து சொல்லுங்க, அகர முதல எழுத்தெல்லாம்..." அப்படின்னு நிறுத்தினேன். மொத்த ஹாலும் "ஆதி பகவன் முதற்றே உலகு"ன்னுச்சு. அடுத்து, "நேத்து சாயங்காலம் மாட்டுத்தாவணியில நான் பஸ்ஸுக்கு நிக்கும்போது..."ன்னு நிறுத்தினேன். ஒருத்தர் மழைங்குறார், ஒருத்தர் திருடன்ங்குறார், பின்னாடி பி.டி. சார் "உங்க மாமியா வந்தாங்க"ங்குறார். இதுதான் சார் அந்த மெஷின் பண்ணுற வேலைன்னேன். அதுக்குள்ள புத்தக அலமாரி கிடையாது. படிச்ச கோடிக்கணக்கான பக்கத்த வச்சு அடுத்து என்ன வரும்னு கணக்குப் போட்டுக் கோத்துக்கிட்டே போகுது. நெறைய தடவை படிச்சதுன்னா குறள் மாதிரி சரியா வரும். படிக்காததுன்னா மாட்டுத்தாவணி கதைதான், அடிச்சு விடும். என்ன கொடுமைன்னா ரெண்டையும் ஒரே குரல்ல சொல்லும்.

சோதிச்சுப் பார்ப்போம்னு ஒரு டீச்சர் போன்ல, நேர்மையைப் பத்தி ஒரு திருக்குறள் எண்ணோட வேணும்னு கேட்டாங்க. உடனே வந்துச்சு:

நேர்மை வழியில் நடப்பார் வாழ்வில்
சீர்மை பெறுவர் உலகு.

கீழ குறள் எண், அதிகாரம், பொழிப்புரை எல்லாம் ஜம்முன்னு இருக்கு. பாதிப் பேரு ஃபோட்டோ எடுக்கவே ஆரம்பிச்சுட்டாங்க. கடைசி பெஞ்சுல எங்க தமிழய்யா. அடுத்த மே மாசம் ஓய்வு, இன்னும் பட்டன் போன்தான் வச்சிருக்காரு. "இன்னொருக்கா வாசிங்கம்மா"ன்னாரு. கண்ண மூடிக்கிட்டு விரலை மடக்கி ஒவ்வொரு சீரா அசை பிரிச்சாரு. தேமா, புளிமா, புளிமா, தேமா... நாலாவது விரல்ல நின்னாரு. "நடப்பார் வாழ்வில். மா முன் நேர். இது ஆசிரியத் தளையில்ல? குறள் வெண்பாவாச்சே, அதுக்குள்ள எப்படிம்மா வரும்? வள்ளுவர் எழுதலம்மா இதை." அந்த எண்ணைப் புத்தகத்துல புரட்டினா அங்க சம்பந்தமே இல்லாத வேற குறள் இருக்கு. ஹாலே கை தட்டுச்சு. ஐயாவுக்கு வெக்கம் வந்துருச்சு, துண்டால முகத்தைத் துடைச்சுக்கிட்டாரு. காலையில அம்புட்டு ஸ்லைடு ஓடியும் விளங்காத ஒண்ணு அங்க விளங்கிருச்சுடி. தன் பாடத்தைக் கரைச்சுக் குடிச்சவருக்கு இந்த மெஷினால ஆபத்து கம்மி. மேலோட்டமா நடத்துற ஆளுக்குத்தான் ஆபத்து.

இது நம்ம ஊருக்கு மட்டும் வந்த வியாதியும் இல்ல. 2023-ல நியூயார்க்குல ரெண்டு வக்கீல்கள் சாட்ஜிபிடி சொன்ன பழைய வழக்குகளை அப்படியே மனுவுல போட்டாங்க. அப்படி ஒரு வழக்கே நடக்கல. நீதிபதி 5,000 டாலர் அபராதம் போட்டார். இதைச் சொன்னப்ப எல்லாரும் சிரிச்சாங்க.

அடுத்து சொன்னதுக்கு யாரும் சிரிக்கல. எங்க பக்கத்துல ஒரு பள்ளிக்கூடம், பேரு வேண்டாம். மெல்லக் கற்போர் அறிக்கை கேட்டிருக்காங்க. வகுப்பாசிரியர் என்ன பண்ணியிருக்கார் தெரியுமா? பிள்ளைகளோட பேரு, எமிஸ்ல இருக்குற மாணவர் அடையாள எண், சாதி, அப்பா என்ன வேலை, எந்தப் பாடத்துல எவ்வளவு மார்க்குன்னு எல்லாத்தையும் அப்படியே காப்பி பண்ணி ஒரு இலவசச் செயலியில ஒட்டி, "ஒவ்வொருத்தருக்கும் குறிப்பு எழுது"ன்னு போட்டிருக்கார். ரெண்டு நிமிஷத்துல அறிக்கை ரெடி. அதைப் பெருமையா எங்ககிட்டயே காட்டினார். மோசமான ஆள் இல்லடி, நல்ல மனுஷன். காலைலேர்ந்து சாயங்காலம் வரைக்கும் பதிவேடு, ஆப், படிவம்னு உயிரை வாங்குனா அவரும்தான் என்ன பண்ணுவார்? ஆனா அந்தப் பட்டியல் இப்ப எங்க இருக்கு, யார் பாக்குறாங்க, எதுக்குப் பயன்படுதுன்னு அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. குறிப்புல ஒரு பையனுக்கு "குடும்பச் சூழல் காரணமாக உயர்கல்வி வாய்ப்பு குறைவு"ன்னு எழுதியிருக்கு. அப்பா கூலி வேலைங்குற ஒரு வரியைப் பார்த்து மெஷின் கட்டின ஜோசியம் அது. அந்தப் பையனை எனக்குத் தெரியும். ரேடியோவைப் பிரிச்சு மாட்டுற பய.

சட்டமே இருக்கு. 2023-ல வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்துல 18 வயசுக்குக் கீழ எல்லாரும் குழந்தைதான், அவங்க விவரத்தைக் கையாளப் பெத்தவங்க சம்மதம் வேணும். ஃபீஸ் ரசீதுல அப்பா போட்ட கையெழுத்து இதுக்குச் செல்லாது. நான் சொன்னது ரொம்ப எளிசு: செயலிக்குள்ள பிள்ளையோட பேரே போகக் கூடாது. தேவைன்னா "மாணவர் அ, இந்த இடத்துல தடுமாறுறார், என்ன பயிற்சி கொடுக்கலாம்"னு கேளு, போதும். பேரை எடுத்தா மட்டும் போதாதுன்னும் சொன்னேன். முப்பது பிள்ளை இருக்குற வகுப்புல ஒருத்தியோட அப்பா மட்டும் நாதஸ்வர வித்வான்னா, பேரு இல்லாமலே ஊருக்கே ஆள் தெரியும்.

இப்ப வர்றேன் என் வயித்தெரிச்சலுக்கு. இதுக்குத்தான் உனக்கு எழுத உக்காந்ததே.

மேலூருக்குப் பக்கத்துல மாங்குளம் மலை, நாம பி.எட். படிக்கும்போது டிபன் பாக்ஸை மறந்துட்டு வந்தோமே, அதே ஓவாமலை. அடிவாரத்து ஊர்ல இருந்து ஒரு பதினொண்ணாம் வகுப்புப் பொண்ணு. இங்கிலீஷ்ல "என் ஊர்"னு கட்டுரை. நல்லா எழுதியிருக்கா. அவ பள்ளிக்கூடத்து டீச்சர் அதை ஏதோ ஏஐ கண்டுபிடிப்பான்ல போட்டுப் பார்த்திருக்காங்க. எண்பது சொச்சம் சதவீதம் மெஷின் எழுதினதுன்னு வந்திருக்கு. வகுப்பு முன்னாடி நிக்க வச்சு, மார்க் சைபர், அப்பாவைக் கூட்டிட்டு வா. அவர் ஒரு நாள் கூலியை விட்டுட்டு வந்து கையக் கட்டிக்கிட்டு நின்னிருக்கார். அந்தப் பொண்ணு எங்க தெருவுல அத்தை வீட்டுக்கு வந்தப்பதான் எனக்கு விஷயம் தெரிஞ்சுது. கட்டுரையை வாங்கிப் படிச்சேன் மல்லி. 1882-ல வெள்ளைக்கார அதிகாரி ராபர்ட் சீவல் அங்க தமிழி, அதான் பழைய தமிழ் பிராமி எழுத்துக் கல்வெட்டைக் கண்டுபிடிச்சது, கணிநந்தன்ங்குற சமணத் துறவிக்குப் பாண்டியன் நெடுஞ்செழியனோட பணியாள் கடலன் வழுதி, துறவிங்க தங்குற பள்ளி அமைச்சுக் கொடுத்ததுன்னு முதல் பத்தி. அதை எந்த மெஷினும் எழுதிரும், நான் ஒத்துக்கிறேன். ரெண்டாவது பத்தியில எழுதியிருக்கா: உச்சி வெயில்ல, பாறையில வெட்டின சமணர் படுக்கையில எங்க ஆடுங்க வரிசையா படுத்திருக்கும், கிடாய் மட்டும் எப்பவும் ஓரத்துக் கல்லுல தனியா, பாட்டி அதை "சாமியாரே, எந்திரிங்க"ன்னு எழுப்பும்னு. எந்த மெஷின்டி எழுதும் இதை? அந்த டீச்சர் படிச்சிருந்தா அங்கயே தெரிஞ்சிருக்கும். அவங்க படிக்கல. ஒட்டினாங்க, நம்பரைப் பார்த்தாங்க, அவ்வளவுதான். பிள்ளை தன் கையால எழுதினதை டீச்சர் மெஷினை விட்டுப் படிக்கச் சொன்னா, இதுல ஏஐ-யை ஏமாத்துக்குப் பயன்படுத்தினது யாரு?

பயிற்சியில இதைச் சொல்லும்போது என் குரல் கொஞ்சம் ஏறிருச்சு. அந்தக் கண்டுபிடிப்பான்களோட லட்சணத்தையும் சொன்னேன். சாட்ஜிபிடியைச் செஞ்ச ஓப்பன்ஏஐ-யே 2023 ஜனவரியில ஒண்ணு விட்டாங்க. மெஷின் எழுதினதுல அது சரியாப் பிடிச்சது 26 சதவீதம்தான், மனுஷங்க எழுதினதுலயும் 9 சதவீதத்தை மெஷின்னு சொல்லிச்சு. துல்லியம் பத்தலன்னு அதே ஜூலையில அவங்களே மூடிட்டாங்க. அதே வருஷம் ஸ்டான்ஃபோர்டுல, இங்கிலீஷ் தாய்மொழியா இல்லாதவங்க டோஃபல்ங்குற இங்கிலீஷ் தேர்வுக்கு எழுதின 91 கட்டுரைகளை ஏழு கண்டுபிடிப்பான்ல போட்டுப் பார்த்தாங்க. சராசரியா 61 சதவீதம் மெஷின் எழுதினதுன்னு வந்துச்சு. காரணம் ரொம்ப சாதாரணம். அடுத்த வார்த்தை எவ்வளவு சுலபமா ஊகிக்க முடியுதுன்னுதான் அதுங்க பாக்குது. நம்ம பிள்ளைங்க நோட்ஸ்ல படிச்ச அதே நாலு இங்கிலீஷ் வாக்கியத்தைத்தான் மாத்தி மாத்தி எழுதும். அதைப் போய்க் குத்தம்னு மெஷின் சொல்லுது, நாமளும் தலையாட்டுறோம்.

முன்வரிசையில இருந்த ஒரு மேடம் எந்திரிச்சு, "அப்ப காப்பி அடிக்கிறவனை எப்படிப் பிடிக்கிறது?"ன்னு கேட்டாங்க. நியாயமான கேள்வி. பக்கத்துல உக்கார வச்சு, "இந்த ரெண்டாவது பத்தியில என்ன சொல்ல வந்த?"ன்னு கேளுங்க, மூணு நிமிஷத்துல தெரிஞ்சுரும்னேன். "அறுபது பிள்ளைக்கு மூணு மூணு நிமிஷமா?"ன்னாங்க. அதுக்கு என்கிட்ட பதில் இல்லடி, இப்பவும் இல்ல. வீட்டுக்குக் கொடுக்குற கட்டுரையைக் குறைச்சு வகுப்புலயே எழுத வைக்கலாம்னு ஒண்ணு தோணுது. அதுக்குப் பாடவேளை எங்க இருக்கு?

நீ போன்ல சொன்னியே, "என் ஸ்கூல்ல மொத்தமா தடை போட்டுருவேன்"னு. எனக்கு அதுல உடன்பாடு இல்ல. சின்னப் பிள்ளைகளுக்குத் தடைன்னா சரி. யுனெஸ்கோ 2023-ல கொடுத்த வழிகாட்டியிலயும் வகுப்பறையில பயன்படுத்தக் குறைஞ்சது 13 வயசுன்னு வைக்கச் சொல்லியிருக்கு. ஆனா ப்ளஸ் ஒன் பையன் வீட்டுல அண்ணன் போன்ல கேட்டுக்கிட்டுத்தான் இருக்கான். நாம தடைன்னா நம்ம கண்ணுக்குத் தெரியாம கேப்பான். நான் பத்தாம் வகுப்புல, கண்ணோட குறுக்குவெட்டுப் படத்தை மெஷினை விட்டு வரைய வச்சு, தப்பைக் கண்டுபிடிங்கன்னு கொடுத்தேன். விழித்திரை இருக்க வேண்டிய இடத்துல லென்ஸ், பக்கத்துல தமிழ் மாதிரி ஏதோ நெளிநெளியா எழுத்து. "மிஸ், இது எந்த ஊர்த் தமிழ்?"னு ஒரே சிரிப்பு. ஆனா அன்னிக்கு அதுங்க பாடப்புத்தகப் படத்தைப் பார்த்த மாதிரி வேற எந்நாளும் பார்த்ததில்ல. உன் பிள்ளைங்களுக்கும் அதே தாளை அனுப்புறேன்.

சரி, விஷயத்துக்கு வர்றேன். அடுத்த மாசம் இதே பயிற்சியை இன்னொரு கட்டமா வைக்கிறாங்க, முழு நாளும் என் தலையில. நீ வரணும். ஹெச்.எம். ஒருத்தர் சொன்னா ஹெச்.எம்.கள் கேப்பாங்க, அறிவியல் டீச்சர் சொன்னாக் கேக்க மாட்டாங்க. வர்றதுக்கு முன்னாடி உன் ஸ்கூல்ல ஒரு சுற்றறிக்கை போட்டுட்டு வா: கண்டுபிடிப்பான் காட்டுற நம்பரை வச்சு எந்தப் பிள்ளைக்கும் மார்க் குறைக்கக் கூடாது, பெத்தவங்களைக் கூப்பிடக் கூடாது, மாணவர் விவரம் எந்தச் செயலிக்கும் போகக் கூடாது. அதோட நகலைத்தான் நான் இங்க எல்லாருக்கும் காட்டப் போறேன். அந்தப் பொண்ணு விஷயமா அவ பள்ளிக்கூடத்துக்குப் போகலாமா, நான் போனா அவளுக்கு இன்னும் சிக்கலாகுமான்னு ஒரே குழப்பம். நீ என்ன சொல்றன்னு உடனே எழுது. போன் பண்ணாலும் சரி, ஆனா ராத்திரி ஒன்பதுக்கு மேல.

ஆரப்பாளையத்துல இறங்கினதும் கூப்பிடு, தம்பி வண்டியோட வருவான். உங்க ஊர்ப் பக்கத்துப் பன்னீர் திராட்சை கொண்டு வா, அம்மா கேட்டாங்க.

உன்
சாந்தி