துடைப்பத்தில் பறக்கும் கிழவியும் டெட்காமாவில் எரிக்கப்பட்ட குடும்பமும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பீகார் மாநிலம் பூர்ணியா மாவட்டம் டெட்காமா கிராமத்தில் 2025 ஜூலை 6ஆம் தேதி இரவு, ஒரே குடும்பத்தைச் சேர்ந்த ஐந்து பேரை ஒரு கும்பல் அடித்து எரித்துக் கொன்றது. அந்தச் செய்தியை உங்கள் பத்திரிகையிலும் போட்டிருந்தீர்கள், உள்பக்கத்தில், ஒரே ஒரு பத்தி. அந்தப் பத்தியைவிடப் பெரிதாகப் பக்கத்தில் ஒரு படம்: கூம்புத் தொப்பி, வளைந்த மூக்கு, துடைப்பத்தில் ஏறிப் பறக்கும் சூனியக்காரக் கிழவி, பின்னால் நிலா. செத்தவர்களில் மூன்று பேர் பெண்கள், இரண்டு பேர் ஆண்கள், எல்லோரும் ஒராவோன் பழங்குடியினர். ஊரில் ஒரு குழந்தை செத்துப்போனதற்கு இவர்கள் வைத்த சூனியம்தான் காரணம் என்று சொல்லித்தான் கொன்றார்கள். தப்பி ஓடிய அந்த வீட்டுப் பையன் சொல்லித்தான் விஷயமே வெளியே வந்தது. அப்பா, அம்மா, பாட்டி, அண்ணன், அண்ணி என்று மொத்தக் குடும்பத்தையும் ஒரே ராத்திரியில் பறிகொடுத்த பையனைப் பற்றிய செய்திக்கு இந்தப் படமா? எனக்கு மனசு ஆறவில்லை. அதனால்தான் எழுதுகிறேன். கடிதம் நீளமாக இருந்தால் வெட்டிக்கொள்ளுங்கள், ஆனால் கடைசியில் விளம்பரத்தைப் பற்றிச் சொல்லியிருப்பதை மட்டும் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள்.

அந்தக் கிழவிக்கும் பூர்ணியாவுக்கும் என்ன சம்பந்தம்? அவள் ஐரோப்பாவில் பிறந்தவள். துடைப்பத்தில் பெண் பறப்பது போன்ற ஓவியம் 1451ஆம் ஆண்டின் பிரெஞ்சுக் கையெழுத்துப் பிரதி ஒன்றின் ஓரத்தில் இருக்கிறது, கிடைத்திருப்பவற்றில் மிகப் பழையதில் ஒன்று அது. இந்தக் கிழவிக்குச் சில படங்களில் பூசும் பச்சை முகம் 1939ல் வந்த ஒரு ஹாலிவுட் கலர் படத்தால் பிரபலமானது. இடைப்பட்ட காலத்தில் நடந்தது வேடிக்கை இல்லை. 15ஆம் நூற்றாண்டிலிருந்து 18ஆம் நூற்றாண்டு வரை ஐரோப்பாவில் 40,000 முதல் 60,000 பேர் வரை சூனியக் குற்றம் சாட்டப்பட்டுக் கொல்லப்பட்டதாக வரலாற்று ஆய்வாளர்கள் கணக்கிடுகிறார்கள். அவர்களில் பெரும்பாலோர் பெண்கள்தான், ஆனால் ஐஸ்லாந்தில் பெரும்பாலோர் ஆண்கள். எல்லோரையும் எரித்தார்கள் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம், அதுவும் சரியில்லை. அமெரிக்காவின் சேலத்தில் 1692ல் 19 பேரைத் தூக்கில்தான் போட்டார்கள், வாய் திறந்து பதில் சொல்ல மறுத்த ஒரு முதியவரைப் பலகைக்கு அடியில் கிடத்தி மேலே பாறாங்கல்லை ஏற்றிக் கொன்றார்கள். சுவிட்சர்லாந்தின் கிளாருஸில் ஆன்னா கோல்டி என்ற வீட்டு வேலைக்காரப் பெண்ணை 1782ல் தலை வெட்டினார்கள். முதலாளி வீட்டுக் குழந்தையின் பாலில் ஊசி வரவழைத்தாள் என்பதுதான் குற்றச்சாட்டு. அவர் குற்றமற்றவர் என்று அந்த மாகாணம் 2008ல் அறிவித்தது. ஸ்காட்லாந்தில் 2022 மார்ச் 8 அன்று அப்போதைய முதல் அமைச்சர் நிக்கோலா ஸ்டர்ஜன் அந்தக் காலத்துப் பெண்களிடம் சட்டமன்றத்திலேயே மன்னிப்புக் கேட்டார். கோல்டியோ சேலத்துப் பெண்களோ யாரும் கூம்புத் தொப்பி போட்டுக்கொண்டு திரியவில்லை. வேலைக்காரி, விதவை, பக்கத்து வீட்டுக்காரி, கடன் கேட்டு வந்த கிழவி, அவ்வளவுதான்.

இதில் இன்னொரு கூட்டத்தையும் நீங்கள் சேர்த்துக் குழப்புகிறீர்கள். அக்டோபர் கடைசியில் ஞாயிறு இணைப்பில் ஹாலோவீன் கட்டுரை போட்டபோது, இன்றைக்கும் இங்கிலாந்தில் சாத்தானை வணங்கும் சூனியக்காரிகள் இருக்கிறார்கள் என்று ஒரு வரி வந்தது. அது தவறு. விக்கா என்ற பெயரில் ஒரு சமயம் இருக்கிறது, உண்மைதான். அதைப் பரப்பியவர் ஜெரால்ட் கார்ட்னர், வாலிபத்தில் இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் வேலை பார்த்தவர், பிறகு மலேயாவில் ரப்பர் தோட்டம், அப்புறம் அங்கேயே சுங்கத்துறை. பிரிட்டனில் 1735ஆம் ஆண்டின் சூனியச் சட்டம் 1951ல் ரத்தான பிறகு அவர் வெளிப்படையாகப் பேச ஆரம்பித்தார். அவர்களுக்கு ஒரு பெண் தெய்வம், ஒரு ஆண் தெய்வம், பருவகாலத்தை ஒட்டி வருஷத்துக்கு எட்டுப் பண்டிகை, யாருக்கும் தீங்கு செய்யாதே என்று ஒரு விதி. சாத்தான் என்பதே அவர்கள் நம்பிக்கையில் கிடையாது. இங்கிலாந்து, வேல்ஸ் இரண்டிலும் 2021 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் சுமார் 13,000 பேர் தங்கள் மதம் விக்கா என்று எழுதியிருக்கிறார்கள். அந்த நம்பிக்கையில் எனக்கு ஈடுபாடு ஒன்றும் இல்லை, ஆனாலும் தன் விருப்பத்தோடு சூனியக்காரி என்ற பெயரை வைத்துக்கொள்கிறவருக்கும், ஊர் கூடி அந்தப் பெயரைச் சூட்டி அடித்துக் கொல்லும் பெண்ணுக்கும் ஒரே படத்தைப் போடாதீர்கள் என்கிறேன்.

அந்தப் படம் என்ன செய்கிறது என்றால், படிக்கிறவரின் கண்ணைச் செத்தவர் பக்கம் திருப்பிவிடுகிறது. அவள் ஏதோ செய்திருப்பாளோ, எலுமிச்சம்பழம் வைத்திருப்பாளோ என்றுதான் மனசு போகும். நம் டிவி சீரியல்களில் தலையை விரித்துப் போட்டு, கண்ணைச் சுற்றி மை அப்பி, மண்டையோட்டுக்கு முன்னால் உட்கார்ந்து சிரிக்கும் பெண்ணைப் பார்த்துப் பார்த்துப் பழகிய மனசு வேறு எங்கே போகும்? கொன்றவன் யார், முதலில் பெயர் சொன்னவன் யார், இவள் இல்லாமல் போனால் யாருக்கு லாபம் என்ற கேள்விகள் எழவே எழாது.

நான் வங்கி ஊழியனாக இருந்து ஓய்வு பெற்றவன். தொண்ணூறுகளின் கடைசியில் சாய்பாசாவில் வேலை பார்த்தேன். அப்போது அது பீகார், 2000 நவம்பரில்தான் ஜார்க்கண்ட் ஆனது. ஊரைச் சுற்றிலும் ஹோ பழங்குடி மக்கள். எங்கள் கிளைக்கு ஒரு அம்மா வருவார், நாற்பது வயது இருக்கும், கணவர் இறந்துவிட்டார். பாஸ்புக்கைப் பாலிதீன் உறையில் சுற்றி, அதற்கு மேல் துணியில் முடிந்து இடுப்பில் செருகியிருப்பார். கைநாட்டுதான், ஆனால் பணத்தைக் கவுன்டரிலேயே நின்று திரும்பத் திரும்ப எண்ணிச் சரிபார்க்காமல் நகர மாட்டார். கணவர் வாங்கிய பயிர்க்கடனை, கேட்டு யாரும் போகாமலே, சந்தை நாளில் காய்கறி விற்ற காசில் கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டிக்கொண்டிருந்தார். ஒரு மழைக்காலம் முடிந்ததும் அவர் வரவில்லை. அவருக்குப் பதிலாகக் கணவரின் தம்பி வந்து, மிச்சக் கடன் முழுவதையும் ஒரே தவணையில் கட்டிவிட்டு, பாக்கி இல்லை என்று சான்று வாங்கிக்கொண்டு போனார். பக்கத்து ஊரைச் சேர்ந்த எங்கள் பியூன் அப்புறம்தான் விஷயத்தைச் சொன்னார். ஊரில் இரண்டு குழந்தைகள் காய்ச்சலில் செத்திருக்கின்றன, ஓஜா, அதாவது ஊர் மந்திரவாதி, வந்து இந்த அம்மாவைத்தான் டாயன், சூனியக்காரி, என்று காட்டியிருக்கிறான், பையனைக் கூட்டிக்கொண்டு இரவோடு இரவாக ஊரை விட்டுப் போய்விட்டார். எங்கே போனார் என்று யாருக்கும் தெரியவில்லை.

கடன் தீர்ந்துவிட்டது, சான்றை மறுக்க எந்த விதியும் இல்லை. ஆனால் நில விவகாரத்தைக் கொஞ்சம் அறிந்தவர்களுக்கு இதன் கணக்குப் புரியும். அங்கே 1908ஆம் ஆண்டின் சோட்டாநாக்பூர் குத்தகைச் சட்டம் நடைமுறையில் இருக்கிறது. பழங்குடி நிலத்தை வெளியாருக்கு விற்க முடியாது, வெளியார் பறித்துக்கொள்ளாமல் இருக்கத்தான் அந்தச் சட்டம், நல்ல சட்டம்தான். ஆக நிலம் உறவுக்குள்ளேயேதான் சுற்றும். வழக்கப்படி விதவைக்கு அந்த நிலத்தை உயிரோடு இருக்கும்வரை அனுபவிக்க உரிமை உண்டு, அவருக்குப் பின் ஆண் வாரிசு இல்லை என்றால் கணவரின் ஆண் பங்காளிகளுக்குப் போகும். பையன் சின்னவன் என்றால் அவனையும் சேர்த்து விரட்டிவிட வேண்டியதுதான். இந்த உரிமையை முறித்துப்போட ஓஜாவின் ஒரு வார்த்தை போதும். சால் மர இலையில் எண்ணெயைத் தடவி, அதில் தெரியும் கோலத்தைப் பார்த்துப் பெயர் சொல்கிற ஓஜாக்கள் உண்டு. அந்தப் பெயர் எண்ணெயில் தெரிந்ததா, முந்தின நாளே யாராவது காதில் போட்டார்களா என்று எவரும் கேட்பதில்லை.

நிலம் மட்டும்தான் காரணம் என்று நான் சொல்ல வரவில்லை. சாய்பாசாவைச் சுற்றியுள்ள சிங்பூம் காடுகள் மலேரியாப் பகுதி. மூளையைத் தாக்கும் மலேரியா வந்தால் காலையில் விளையாடிய குழந்தை ராத்திரிக்குள் வெட்டி வெட்டி இழுத்துச் செத்துவிடும். டாக்டர் இருக்கும் இடத்துக்குப் போக பல மைல் நடக்க வேண்டும், போனாலும் டாக்டர் இருப்பார் என்று நிச்சயம் இல்லை. ஓஜா அதே ஊரில் இருக்கிறான், அழைத்த குரலுக்கு வருகிறான், பதிலும் சொல்கிறான். பிள்ளையைப் பறிகொடுத்த தகப்பனிடம் போய் மூடநம்பிக்கை என்று பேசி என்ன ஆகப்போகிறது? டெட்காமாவிலும் தொடக்கம் ஒரு குழந்தையின் சாவுதான்.

சட்டம் இல்லாமல் இல்லை. பீகார்தான் 1999ல் நாட்டிலேயே முதலில் டாயன் தடுப்புச் சட்டம் கொண்டுவந்தது, ஜார்க்கண்ட் 2001ல் அதை அப்படியே எடுத்துக்கொண்டது. ஒரு பெண்ணை டாயன் என்று அடையாளம் காட்டினால் அதிகபட்சத் தண்டனை மூன்று மாதம் சிறை அல்லது 1,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். ஆயிரம் ரூபாய்! சத்தீஸ்கர் 2005, ஒடிசா 2013, ராஜஸ்தான் 2015 என்று வரிசையாகச் சட்டங்கள் வந்தன. அசாம் சட்டசபை 2015ல் நிறைவேற்றிய சட்டம்தான் இவற்றில் கடுமையானது, ஜாமீனில் வர முடியாத குற்றம், 2018ல் குடியரசுத் தலைவர் ஒப்புதல் தந்தார். இத்தனைக்குப் பிறகும் சூனியத்தைக் காரணமாகச் சொல்லி நடந்த கொலைகளில் 2021ல் 68 பேர், 2022ல் 85 பேர் செத்ததாகத் தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் புள்ளிவிவரம் சொல்கிறது. கொலையாகப் பதிவானவை மட்டும்தான் இந்தக் கணக்கில் வரும், சாய்பாசா அம்மா போல ஊரை விட்டே ஓடியவர்கள் எந்தக் கணக்கிலும் வர மாட்டார்கள்.

சூனியக்காரி என்று சொல்லப்பட்ட பெண்ணின் படம்தான் வேண்டும் என்றால் சுட்னி மஹதோவின் படத்தைப் போடுங்கள். ஜார்க்கண்டின் சராய்கேலா-கர்சாவான் மாவட்டத்துக்காரர். 1995ல் பக்கத்து வீட்டுப் பெண் குழந்தைக்கு உடம்பு சரியில்லாமல் போனதற்கு இவர்தான் காரணம் என்று ஊர்ப் பஞ்சாயத்து 500 ரூபாய் அபராதம் போட்டது. கட்டினார். கட்டிய பிறகும் விடவில்லை, அடித்து, மலத்தைத் தின்ன வைக்கப் பார்த்தார்கள், பிள்ளைகளோடு தப்பினார். அதற்குப் பிறகு இத்தனை வருஷமாக, இப்படி விரட்டப்படும் பெண்களுக்காகப் போலீஸ் ஸ்டேஷன் ஏறி இறங்குவதே அவருக்கு வேலை. அசாமில் கோவால்பாரா மாவட்டத்து பீருபாலா ராபா இன்னொருவர். மனநலம் பாதித்த இவர் மகன் மூன்று நாளில் செத்துவிடுவான் என்று சாமியாடி சொல்ல, மகன் சாகவில்லை. அந்த ஒன்றிலிருந்து கேள்வி கேட்க ஆரம்பித்து, கிராமம் கிராமமாகப் போய் டாயன் என்று யாருமே கிடையாது என்று சொன்னார், அதற்காக அவரையே ஒதுக்கி வைத்தார்கள். 2021ல் இரண்டு பேருக்கும் பத்மஸ்ரீ கிடைத்தது. பீருபாலா 2024 மே மாதம் காலமானார். நீங்கள் அந்தச் செய்தியைப் போட்டீர்களா என்று தேடிப் பார்த்தேன், எனக்குக் கிடைக்கவில்லை.

அடுத்த தடவை இப்படிச் செய்தி வரும்போது, வரத்தான் போகிறது, ஒரு பத்தியே எழுதினாலும் சரி, முதலில் பெயர் சொன்னது யார், ஓஜா கைதானானா, செத்தவருக்கு நிலம் இருந்ததா, பங்காளிகள் யார், எந்தப் பிரிவில் வழக்கு, பக்கத்து ஆஸ்பத்திரி எவ்வளவு தூரம் என்று உங்கள் நிருபர்களை விசாரிக்கச் சொல்லுங்கள். செய்தி நிறுவனம் அனுப்பியதில் இல்லை என்றால் ஒரு போன் போட்டால் கிடைக்கும். துடைப்பக் கிழவி வேண்டாம்.

கடைசியாக அந்த விளம்பரம். கிழவி படம் வந்த அதே இதழின் வரி விளம்பரப் பக்கத்தில், பில்லி, சூனியம், ஏவல், செய்வினை எதுவானாலும் 24 மணி நேரத்தில் எடுத்துத் தரப்படும், தீராத நோய் தீரும், வைத்தவர் யார் என்றும் காட்டப்படும் என்று கைபேசி எண்ணோடு ஒரு விளம்பரம் இருக்கிறது. வைத்தவர் யார் என்று காட்டுவதைத்தானே சாய்பாசாவில் ஓஜா செய்தான்? இங்கே காட்டப்படுவது பெரும்பாலும் மாமியார், நாத்தனார், ஓரகத்தி, பக்கத்து வீட்டு விதவை. கொலை வரைக்கும் போகாவிட்டாலும் எத்தனை வீட்டில் அண்ணன் தம்பி பேச்சு நின்றுபோயிருக்கிறது, எத்தனை பெண்களைக் கல்யாண வீட்டில் முன்னால் நிற்க விடுவதில்லை என்று உங்களுக்கும் தெரியும். மகாராஷ்டிரம் 2013ல், மூடநம்பிக்கையை எதிர்த்துப் போராடிய நரேந்திர தபோல்கர் சுட்டுக் கொல்லப்பட்ட பிறகு சட்டம் போட்டது, கர்நாடகம் 2017ல் போட்டது, நம் மாநிலத்தில் தனிச் சட்டம் கிடையாது. ஆனால் மந்திரம், தாயத்து போன்றவற்றால் நோய் தீரும் என்று விளம்பரம் செய்வதைத் தடுக்கும் மத்தியச் சட்டம் 1954லிருந்தே இருக்கிறது. அதை உங்கள் விளம்பரப் பிரிவுக்கு எடுத்துக் காட்டுங்கள். ஒரு வரிக்கு எவ்வளவு வருமானம் வருகிறதோ, அந்தக் காசு இந்தப் பத்திரிகைக்கு வேண்டாம் என்று நெடுநாள் வாசகனாகக் கேட்டுக்கொள்கிறேன். விளம்பரத்தை நிறுத்துவீர்களா, மாட்டீர்களா என்று இந்தப் பகுதியிலேயே பதில் போடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வங்கி ஊழியர்,
கும்பகோணம்