அந்தத் தண்ணீர் ஊர்ப் பொது

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழில் ஜப்பானின் குசாட்சு என்ற வெந்நீர் ஊற்று ஊரைப் பற்றி வந்த பயணக் கட்டுரையை இரண்டு தடவை படித்தேன். படங்கள் கண்ணை விட்டுப் போகவில்லை. ஆனால் கடைசியில் ஒரு யோசனை சொல்லியிருக்கிறீர்களே, நம் பெண்களுக்குப் பொதுக்குளியல் சரிப்படாது, கூடுதலாகப் பணம் போனாலும் பரவாயில்லை, அறைக்குள்ளேயே தனித் தொட்டி இருக்கிற விடுதியாகப் பார்த்து எடுங்கள் என்று, அதைப் படித்த பிறகு எழுதாமல் இருக்க முடியவில்லை. போன அக்டோபரில்தான் நான் அந்த ஊருக்குப் போய்விட்டு வந்தேன். மகள் தோக்கியோவில் வேலை பார்க்கிறாள், அவள்தான் கூட்டிக்கொண்டு போனாள். எனக்கு வயது 58. அதுவரை வேறொருவர் முன்னால் துணியில்லாமல் நின்றதே இல்லை. அதனால் உங்கள் கட்டுரையாளர் சொல்லும் கூச்சம் என்ன என்று எனக்கு நன்றாகவே தெரியும்.

உஎனோ ஸ்டேஷனிலிருந்து ரயிலில் இரண்டரை மணி நேரம் போல ஆகிறது, நாகனோஹரா-குசாட்சுகுச்சியில் இறங்கி மலைமேல் இன்னும் 25 நிமிஷம் பஸ். ஊர் 1,200 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. நடுவூருக்கு நடக்க நடக்க அழுகின முட்டை வாடை, கந்தகம். பத்து நிமிஷத்தில் மூக்குக்குப் பழகிவிடுகிறது. யுபாதகேயைப் பற்றி நீங்களே விரிவாக எழுதிவிட்டீர்கள், நிமிஷத்துக்கு 4,000 லிட்டர் வெந்நீர் பொங்கி வந்து நீளமான மரக் கால்வாய்களில் ஓடி ஆறுகிற இடம். ஒரு திருத்தம் மட்டும் சொல்கிறேன். பெண்கள் பலகையால் தண்ணீரைப் புரட்டுவதை 'நடன நிகழ்ச்சி' என்று போட்டிருந்தீர்கள். இன்றைக்கு அதை டிக்கெட் வாங்கித்தான் பார்க்கிறோம், சரி. ஆனால் யுமோமி என்கிற அந்த வேலை ஆட்டத்துக்காக வந்ததில்லை. ஊற்றுத் தண்ணீரில் உடம்பை வைக்க முடியாது, அவ்வளவு சூடு. பச்சைத் தண்ணீரைக் கலந்தால் மருந்துத் தன்மை குறைந்துவிடும் என்று ஆறடிப் பலகையால் புரட்டிப் புரட்டியே ஆற்றினார்கள். கை ஓயாமல் இருக்கத்தான் பாட்டு, நம் ஊரில் நாற்று நடும்போது பாடுவது போல.

அந்தத் தண்ணீரின் குணத்தையும் சொல்லியிருக்கலாம். எலுமிச்சைச் சாறு போல அவ்வளவு அமிலம். ஊருக்குக் கீழே ஓடும் ஆற்றில் ஒரு காலத்தில் மீன் கிடையாது, பாசனத்துக்கு ஆகாது, சிமென்ட் கட்டுமானத்தையே அரித்துவிடும். 1964-லிருந்து ராப்பகலாக ஆற்றில் சுண்ணாம்பைக் கரைத்து விட்டு அமிலத்தை முறித்துக்கொண்டிருக்கிறார்கள். அப்படி விடுகிற இடத்தைப் பாலத்தில் நின்று பார்த்தேன், தண்ணீர் பால் மாதிரி வெள்ளையாகப் போகிறது.

சரி, குளியலுக்கு வருகிறேன்.

யுபாதகேயை ஒட்டியே ஷிராஹதா-நோ-யு என்று ஒரு சின்ன மரக் கட்டடம். காசு கிடையாது. ஆண்களுக்கு ஒரு பக்கம், பெண்களுக்கு ஒரு பக்கம். உள்ளே ஷவர் இல்லை, சோப்பு இல்லை, பூட்டி வைக்க அலமாரி இல்லை. துணியை வைக்கிற தட்டுக்கு அந்தப் பக்கமே தொட்டி. கதவைத் திறந்து பார்த்துவிட்டு நான் திரும்பிவிடலாம் என்றேன். என் மகளுக்கும் என் முன்னால் கூச்சம்தான், அவளும் பேசாமல் நின்றாள். அப்போது தொட்டியிலிருந்து ஒரு பாட்டி, எண்பதாவது இருக்கும், எங்களைப் பார்த்துத் தலையை அசைத்து, பக்கத்தில் இருந்த மரச் சொம்பை எடுத்து வைத்துவிட்டுத் தன்பாட்டுக்கு அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார். நாங்கள் துணி மாற்றுகிற வரைக்கும் அவர் இந்தப் பக்கம் பார்க்கவே இல்லை. அந்த ஒரு மரியாதைதான் எனக்குத் தைரியம் கொடுத்தது.

அப்புறம் சைகையிலேயே சொல்லிக் கொடுத்தார். முதலில் பாதத்தில் ஊற்று, அப்புறம் முழங்கால், இடுப்பு, தோள், நிறைய ஊற்று, உடம்பு சூட்டுக்குப் பழகட்டும், அதற்குப் பிறகுதான் இறங்க வேண்டும். மொண்டு ஊற்றிக்கொள்கிற தண்ணீரும் அதே தண்ணீர்தான். என் காலைப் பார்த்து ஏதோ சொன்னார், மெட்டியைக் காட்டிக் கழற்றச் சொன்னார். ஒன்று கழன்றது, இன்னொன்று முப்பது வருஷமாக விரலோடு இறுகிப்போனது, வரவில்லை. கையை விரித்துக் காட்டிச் சிரித்தார், நானும் சிரித்தேன். மூன்று நிமிஷம் இருந்திருப்பேன். விரலில் இருந்த சின்னக் கத்திக் கீறல் சுரீர் என்று எரிந்தது, உடம்பெல்லாம் கதகதவென்று ஆகி, வெளியே வந்த பிறகும் அரைமணி நேரத்துக்கு அந்தக் குளிரில் ஸ்வெட்டர் தேவைப்படவில்லை. ராத்திரி பார்த்தால் அந்த ஒற்றை மெட்டி கரிக்கட்டை போலக் கறுத்திருந்தது. வெள்ளியும் கந்தகமும் சேர்ந்தால் அப்படித்தான் ஆகும்.

இது மாதிரி 19 பொதுக் குளியல் அந்த ஊரில் இருக்கின்றன. கழுவி, பெருக்கி, பார்த்துக்கொள்வதெல்லாம் ஊர்க்காரர்கள். பெரும்பாலானவை அவர்கள் புழங்குவதற்கே. ஷிராஹதா, ஜிசோ, சியோ என்ற மூன்றைத்தான் வெளியூர்க்காரர்களும் வரலாம் என்று திறந்து வைத்திருக்கிறார்கள். அவர்கள் வீட்டுக் கிணற்றடியில் நமக்கும் ஒரு வாளி கொடுப்பது போலத்தான் இது. முடியைத் தூக்கிக் கட்டு, துண்டைத் தண்ணீரில் நனைக்காதே, சத்தம் போடாதே, படம் எடுக்காதே, இவ்வளவுதான் கேட்கிறார்கள். இதைச் சொல்லிக் கொடுத்து வாசகிகளை அனுப்பி வைப்பதை விட்டுவிட்டு அறையைப் பூட்டிக்கொண்டு குளிக்கச் சொன்னது எனக்கு வருத்தமாக இருந்தது. வேண்டவே வேண்டாம் என்கிறவர்கள் தனித் தொட்டிக்குப் போகட்டும், அதில் ஒன்றும் தப்பில்லை. ஆனால் பொதுக்குளியல் நமக்கு ஆகாது என்று எல்லோருக்குமாக நீங்கள் முடிவு பண்ண வேண்டாம்.

இன்னொன்று, இதைவிடப் பெரிய விடுபடல். குசாட்சுவின் மகிமையை உலகத்துக்குச் சொன்ன ஜெர்மன் டாக்டர் எர்வின் பெல்ஸ் பற்றி ஒரு பத்தி எழுதியிருந்தீர்கள். அந்தத் தண்ணீரை நம்பி நாடெங்கிலும் இருந்து அங்கே வந்து சேர்ந்த தொழுநோயாளிகளைப் பற்றி ஒரு வரி இல்லை.

பழைய காலத்திலிருந்தே அந்த அமிலத் தண்ணீர் தோல் வியாதியைத் தீர்க்கும் என்று நம்பிக்கை. வீட்டாரும் ஊராரும் துரத்தியவர்கள் மலையேறி வந்தார்கள். ஆரம்பத்தில் மற்றவர்கள் குளிக்கிற அதே தண்ணீரில்தான் குளித்தார்கள். ஊர் சுற்றுலாவால் பிழைக்கத் தொடங்கியதும், 1887-ல் அவர்களை யுனோசாவா என்ற ஓரத்துப் பகுதிக்கு ஒதுக்கினார்கள். ஒதுக்கிய இடத்திலும் அவர்கள் கை கட்டி உட்கார்ந்துவிடவில்லை. தாங்களே விடுதி நடத்தினார்கள், கடை வைத்தார்கள், வரி கட்டினார்கள், கல்யாணம் செய்து குடித்தனம் நடத்தினார்கள். எண்ணூறு பேர் வரை வாழ்ந்த இடம் அது. 1916-ல் கார்ன்வால் லீ என்ற ஆங்கிலேயப் பெண்மணி, அறுபதை நெருங்கும் வயதில், அங்கே வந்து பள்ளிக்கூடமும் மருத்துவமனையும் விடுதிகளும் நடத்தினார். நோயாளிகள் அவரை அம்மா என்றே கூப்பிட்டார்கள்.

அப்புறம் அரசாங்கம் எல்லாரையும் அடைத்து வைப்பது என்று முடிவெடுத்தது. 1932-ல் ஊருக்கு வெளியே கூரியு ரகுசென்-என் என்ற காப்பகம் திறந்தார்கள், 1941-ல் யுனோசாவாவையே கலைத்தார்கள். அந்தக் காப்பகத்துக்குள் 1938-லிருந்து 1947 வரை ஒரு தண்டனைச் சிறை இருந்தது. பெயர் என்னவோ 'சிறப்பு நோயாளி அறை'. எதிர்த்துப் பேசினவர்கள், தப்பி ஓடப் பார்த்தவர்கள் என்று ஜப்பானின் மற்றக் காப்பகங்களிலிருந்தும் கொண்டுவந்து விசாரணை எதுவும் இல்லாமல் அடைத்தார்கள். குளிர்காலத்தில் மைனஸ் 20 டிகிரி வரை போகிற மலை, அறையில் கணப்புக் கிடையாது. 93 பேரை அடைத்ததில் 23 பேர் செத்துப்போனார்கள்.

இதையெல்லாம் நான் அங்கே போன பிறகுதான் தெரிந்துகொண்டேன். 2014-ல் அந்தச் சிறைக்காக ஒரு காட்சியகம் திறந்திருக்கிறார்கள், அறையை அதே அளவில் திரும்பக் கட்டி வைத்திருக்கிறார்கள். மகள் எழுத்துகளைப் படித்துப் படித்துச் சொல்லிக்கொண்டு வந்தவள், அந்த அறை வாசலில் நிறுத்திவிட்டாள். நான் உள்ளே போய் நின்றேன். சுவரில் கைக்கு எட்டாத உயரத்தில் ஒரு சின்ன ஜன்னல், கீழே சாப்பாட்டைத் தள்ளுவதற்கு ஒரு துவாரம், அதில் தட்டு நுழையும், கொடுக்கிறவர் முகம் தெரியாது. முந்தின நாள் யார் என்றே தெரியாத என்னைத் தொட்டியில் சேர்த்துக்கொண்ட அந்தப் பாட்டியை நினைத்துக்கொண்டேன், அந்த அறை மூடியபோது அவர் சின்னப் பிள்ளையாக இருந்திருப்பார். மருந்து வந்து நோய் குணமாகிற காலம் ஆன பிறகும் அடைத்து வைக்கும் சட்டத்தை 1996-ல்தான் நீக்கினார்கள். 2001-ல் குமாமோட்டோ நீதிமன்றம் அது அரசியல் சாசனத்துக்கு விரோதம் என்று தீர்ப்பு சொன்னது, அரசாங்கம் மேல்முறையீடு செய்யாமல் மன்னிப்புக் கேட்டது.

பயணக் கட்டுரையில் இந்தச் சோகமெல்லாம் எதற்கு என்று உங்கள் ஆசிரியர் குழு நினைத்திருக்கலாம். குசாட்சுக்காரர்களே இதை மறைக்கவில்லை என்பதுதான் என் பதில்.

அடுத்த இதழில் ஒரு கட்டம் கட்டிப் போடுங்கள். மூன்று பொதுக் குளியல்களின் பெயர், அங்கே நடந்துகொள்ள வேண்டிய முறை, காட்சியகம் காப்பகத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது என்ற தகவல், இது போதும். காட்சியகம் திறந்திருக்கும் நாளை முன்கூட்டியே பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். வெள்ளியைக் கழற்றி வைத்துவிட்டு இறங்கச் சொல்லி ஒரு வரியும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
கும்பகோணம்