புது டேங்க் இருக்கட்டும், மொதல்ல மண்ணுக்குள்ள இருக்குற பைப்ப பாருங்க

நம்ம ஊர் குடிதண்ணி சப்ளைய பாத்துக்குற அதிகாரிங்களுக்கும் கவுன்சிலருங்களுக்கும்,

வணக்கம். புதுசா ஒரு மேல்நிலைத் தொட்டி கட்டப் போறீங்கன்னு கேள்விப்பட்டேன். சந்தோஷம்தான், டேங்க்குன்னா எல்லாரும் அண்ணாந்து பாப்பாங்க, கல்வெட்டுல பேர் வரும். ஆனா அதுல இருந்து இறங்குற தண்ணி போகப்போறது அதே பழைய வார்ப்பிரும்பு பைப்புலயும் ஏசி (ஆஸ்பெஸ்டாஸ் சிமெண்ட்) பைப்புலயும்தானே?

போன தடவ மெயின் லைன் உடைஞ்சப்ப வெட்டி வெளிய போட்ட துண்ட நின்னு பாத்தேன். உள்ள பூரா துருக்கட்டி, கைய விட்டா இடிக்குது. உள்விட்டம் பாதியா சுருங்குனா அதே அழுத்தத்துல போற தண்ணி பாதியாகாதுங்க, ஏறக்குறைய ஆறுல ஒரு பங்காயிடும். கடைசித் தெருவுக்கு ஏன் தண்ணி ஏறலன்னு கேட்டா "சோர்ஸ்ல தண்ணி இல்ல"ன்னு சொல்றீங்களே, சோர்ஸ்ல இருக்கு சார், வழிலதான் மாட்டிக்கிட்டு நிக்குது.

அப்புறம் கசிவு. 20 மீட்டர் உயரத்துல டேங்க் இருக்குன்னு வைங்க, கீழ பைப்புல 5 மில்லிமீட்டர்ல ஒரே ஒரு ஓட்டை, நாள் முழுக்க அந்த அழுத்தம் இருந்தா சுமாரா 20,000 லிட்டர் வெளிய போயிடும். இது கணக்கு போட்டாலே வர்றது, பெரிய ஆராய்ச்சி எதுவும் வேணாம். எங்க போகுதுன்னு கண்டுபிடிக்கவும் வழி இருக்கு, ராத்திரி 2 மணிலருந்து 4 மணி வரைக்கும் ஊரே தூங்குற நேரத்துல லைன்ல தண்ணிய விட்டு, டேங்க்ல இருந்து எவ்ளோ இறங்குதுன்னு மீட்டர் வச்சு பாருங்க, வீட்டுத் தொட்டிங்க நிறையிறத கழிச்சா மீதி ஓடுறதுல பெரும்பங்கு கசிவுதான். ஒவ்வொரு வால்வா மூடிக்கிட்டே வந்தா எந்தத் தெருன்னும் தெரிஞ்சுடும்.

எனக்கு ரொம்ப பயமா இருக்குறது இதெல்லாம் இல்ல. தண்ணி விடாத நேரத்துல பைப் காலியாகி உள்ள உறிஞ்ச ஆரம்பிக்கும், பக்கத்துலயே சாக்கடை ஓடுது, எந்த ஓட்டை வழியா தண்ணி வெளிய போச்சோ அதே ஓட்டை வழியா சாக்கடைத் தண்ணி உள்ள வரும். இதுல நம்ம ஜனங்க வேற நேரா லைன்லயே மோட்டார மாட்டி இழுக்குறாங்க (தப்பு அவங்க மேலயும் இருக்கு, ஒத்துக்குறேன், ஆனா பிரஷர் ஒழுங்கா வந்தா எவன் மோட்டார் மாட்டுவான்?). டேங்க்ல குளோரின் போட்டோம்னு ரெஜிஸ்டர்ல எழுதுனா பத்தாது, கடைசி வீட்டுக் குழாய்ல லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது மிச்சம் இருக்கான்னு பாக்கணும். அந்த டெஸ்ட்டுக்கு சில நிமிஷம்தான் ஆகும்.

பழைய பைப்ப மறந்துட்டு மத்தத மட்டும் மாத்துனா என்ன ஆகும்னு அமெரிக்காவுல ஃப்ளின்ட் ஊர்ல 2014ல பாத்தாங்க. தண்ணி எடுக்குற இடத்த ஆத்துக்கு மாத்துனாங்க, பைப் அரிச்சுப் போறதத் தடுக்குற மருந்த தண்ணில சேக்கல, பழைய பைப்புல இருந்த ஈயம் கரைஞ்சு குழந்தைங்க ரத்தத்துல ஏறிடுச்சு. நம்ம லைன்ல எங்கயாவது ஈயம் இருக்கா இல்லையான்னு உங்களுக்குத் தெரியுமா? எங்க எந்த பைப் ஓடுதுன்னே வரைபடம் இல்லையே.

வரைபடம் இருக்கு, அது வால்வு திறக்குற அண்ணன் தலைக்குள்ள இருக்கு. எந்த வால்வு தார் ரோட்டுக்கு அடில புதைஞ்சு போச்சு, எது முழுசா மூடாது, எது தலைகீழா திரும்பும்னு அவருக்கு மட்டும்தான் தெரியும். அவரு இன்னும் கொஞ்ச நாள்ல ரிட்டயர் ஆகுறாரு. டேங்க் டெண்டர் ரெண்டு மாசம் தள்ளிப் போனா ஒண்ணும் ஆகாது. அதுக்குள்ள ஒரு இன்ஜினியர அவரு கூட தெருத்தெருவா அனுப்புங்க, ஒவ்வொரு வால்வுலயும் நின்னு போன்ல லொக்கேஷன் குறிச்சு, என்ன பைப், எவ்ளோ ஆழம், எத்தன சுத்துன்னு அவரு சொல்றத எழுதிக்கட்டும். அந்த லிஸ்ட்ட வச்சு எத மொதல்ல மாத்துறதுன்னு முடிவு பண்ணுங்க. ஏசி பைப்ப கழட்டுறப்ப மட்டும் காய்ஞ்சபடியே மெஷின் வச்சு அறுக்க விடாதீங்க, அந்தத் தூசி நுரையீரலுக்கு எமன், நனைச்சுட்டு வேலை பாக்கச் சொல்லுங்க, மாஸ்க் குடுங்க.

அந்த அண்ணன்கிட்ட நான் பேசிட்டேன், காலைல தண்ணி விட்டு முடிச்சதும் கூட வர ரெடியா இருக்காரு.

இப்படிக்கு,
கடைசித் தெருவுல இருந்து ஒருத்தன்