அந்த அம்மாவுக்கு குடுத்த பதில் பத்தி

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிறு டாக்டர் கேள்வி பதில் பக்கத்துல ஒரு அம்மா, மகனுக்கு ஆம்பளைங்க மேலதான் ஈர்ப்புன்னு தெரிஞ்சதுல இருந்து தூக்கமே இல்லன்னு எழுதியிருந்தாங்க, அதுக்கு சீக்கிரம் கூட்டிட்டு வாங்க தெரபி குடுத்து மாத்திடலாம்னு பதில் வந்திருக்கு. படிச்சதும் பகீர்னு ஆயிடுச்சு சார்.

தன்பால் ஈர்ப்பை உலக சுகாதார நிறுவனம் நோய் பட்டியல்ல இருந்து எடுத்தது 1990ல. 2021 ஜூன்ல சென்னை ஐகோர்ட் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் இந்த மாத்துற வைத்தியத்துக்கு தடை போட்டு, செய்றவங்க லைசென்ஸை ரத்து பண்ற வரைக்கும் போகணும்னுட்டார். 2022ல தேசிய மருத்துவ ஆணையமும் இது டாக்டர் தொழிலுக்கே விரோதமான நடத்தைன்னு மாநில மருத்துவ கவுன்சில்களுக்கு எழுதியாச்சு. அப்புறமும் ஒரு டாக்டர் பத்திரிகையில பேர் போட்டு இப்படி சொல்றார்!

பையனே சம்மதிச்சா என்ன தப்புன்னு சிலர் கேக்குறாங்க. எங்க சொந்தத்துல ஒரு பையன் அப்படித்தான் கையெழுத்து போட்டான், போடலன்னா காலேஜ் பீஸ் கட்ட மாட்டேன்னு அப்பா, மருந்தை குடிச்சிருவேன்னு அம்மா, பத்தொன்பது வயசுல அவன் வேற என்ன பண்ணுவான், இதுக்கு பேரு சம்மதமா? தீபாவளிக்கு வந்தவன் முழுக்கை சட்டையை இறக்கி விட்டுட்டே சாப்பிட்டான், சாம்பார்ல படுது மடிச்சு விடுடான்னு நான் இழுத்தா மணிக்கட்டை சுத்தி கன்னிப்போய் கிடக்கு. அந்த நினைப்பு வர்றப்பல்லாம் ரப்பர் பேண்டை இழுத்து அடிச்சுக்கணும்னு கவுன்சிலிங்ல சொன்னாங்களாம். அவன் ஈர்ப்பு மாறல, எங்ககூட பேசுறதுதான் நின்னு போச்சு.

அந்த சென்னை ஐகோர்ட் கேஸ்ல ஒருத்தரை ஒருத்தர் விரும்பி மதுரையில இருந்து ஓடி வந்த ரெண்டு பொண்ணுங்களையும் அவங்க பெத்தவங்களையும் நீதிபதி சைக்காலஜிஸ்ட்கிட்ட அனுப்பினார். பொண்ணுங்க தெளிவா இருந்தாங்க, ஊர் என்ன சொல்லுமோன்னு பயந்து கிடந்தது பெத்தவங்கதான். தனக்கும் இது சரியா புரியலன்னு வெளிப்படையா சொல்லி அந்த நீதிபதியே போய் சைக்காலஜிஸ்ட் முன்னாடி உக்காந்தார் (எத்தனை பெரிய மனுஷங்க இதை செய்வாங்க). உங்களுக்கு எழுதின அம்மாவுக்கும் தேவைப்படுறது அந்த மாதிரி உக்காந்து பேசுற ஒரு ஆள்தான், அவங்க பயத்தை காசாக்குற ஆள் இல்ல.

வர்ற ஞாயிறு அதே பக்கத்துல, அதே அளவு எழுத்துல, அந்த பதில் தப்புன்னு போடுங்க. அந்த அம்மா பையனை கூட்டிட்டு கிளம்புறதுக்குள்ள போடுங்க சார்.

இப்படிக்கு,
உங்க நீண்ட நாள் வாசகி, திருச்சி